ஃபோனோவில் மட்டும் இடப்பக்க உறுமல்: எல்லாக் கெபாசிட்டர்களையும் மாற்றத்தான் வேண்டுமா?

பரண்வாசி (கேள்வி)

வணக்கம். என் பெரியப்பா பயன்படுத்திய, 1970களில் செய்யப்பட்ட பெல்ட் டர்ன்டேபிள் ஒன்றும் அதே காலத்து ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் பல ஆண்டுகள் பரணில் கிடந்த பிறகு என்னிடம் வந்திருக்கின்றன. ரேடியோவில் இரண்டு ஸ்பீக்கர்களும் குறையின்றிப் பாடுகின்றன. ஃபோனோவுக்கு (டர்ன்டேபிளுக்கான உள்ளீடு) திருப்பி இசைத்தட்டை வைத்தால், இடது ஸ்பீக்கரில் மட்டும் பாஸ் அறவே இல்லாமல், தகர டப்பாவுக்குள் இருந்து பாடுவதுபோல் குரல் மெலிந்து கேட்கிறது. அதன்மேல் ஓயாத உறுமல் வேறு. இது போதாதென்று, முதல் பத்து நிமிடம் தட்டு மந்தமாகச் சுற்றிப் பாட்டின் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை இறங்கி ஒலிக்கிறது. பிறகு தானாகவே சரியாகிவிடுகிறது. புது பெல்ட் போட்டும் மாறவில்லை. பார்த்த மெக்கானிக் ஒருவர், ஆம்ப்ளிஃபையரின் கெபாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கும் பாகங்கள்) அனைத்தையும் மாற்றினால்தான் உறுமல் போகும் என்கிறார். அது உண்மையா?

ஊசிமுனை

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. மின்வழங்கியின் பெரிய கெபாசிட்டர்கள் வறண்டுபோயிருந்தால் ரேடியோவிலும் உறுமியிருக்கும், அதுவும் பெரும்பாலும் இரண்டு பக்கமும். அப்படி வரும் ஒலி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் இரு மடங்கான 100 ஹெர்ட்ஸில், சற்றுக் கரகரப்பாக இருக்கும். உங்களுடையது ஃபோனோவில், ஒரு பக்கத்தில் மட்டும் வருவதால், ஃபோனோ பகுதிக்கும் ஊசிக்கும் இடையில்தான் முதலில் தேட வேண்டும்.

ஒலியளவை முழுவதும் குறைத்துவிட்டு, டர்ன்டேபிளிலிருந்து வரும் இரண்டு பிளக்குகளையும் ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் இடம் மாற்றிச் செருகுங்கள். குறை வலது ஸ்பீக்கருக்கு வந்துவிட்டால் ஆம்ப்ளிஃபையரைத் திறக்கவே வேண்டாம். அடுத்து, ஊசிக்கையின் முனையிலுள்ள ஹெட்ஷெல்லில் இருக்கும் நான்கு மெல்லிய வயர்களைப் பாருங்கள்: வெள்ளை இடப்பக்க சிக்னல், நீலம் அதன் கிரவுண்ட் (திரும்பு வழி), சிவப்பு வலப்பக்க சிக்னல், பச்சை அதன் கிரவுண்ட். என் ஊகம் நீலம். கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவைச் சிக்னலாக்கும் சிறு பெட்டி) கிரவுண்ட் அறுந்த சுருளிலிருந்து சிக்னல் முறையான வழியில் வராமல், வயர்களுக்கு இடையிலான சிறு கெபாசிட்டன்ஸ் வழியாகக் கசிந்து வரும். அப்படிக் கசிவது மேல்சுருதி மட்டுமே என்பதால்தான் பாஸ் காணாமல் போகிறது. கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். ஃபோனோ பகுதி அதை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்கும்போது, அறுந்த முனை பிடித்துவரும் மின்சார இரைச்சலும் சேர்ந்தே பெருகுகிறது. ஆகவே மெலிந்த குரலும் உறுமலும் ஒரே பழுதின் இரண்டு முகங்களாகவே எனக்குத் தோன்றுகின்றன.

ஈயப்பற்று

வயரைப் பற்றி ஊசிமுனை சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐம்பது ஆண்டு வயதான கெபாசிட்டர்களை நம்பி விலை உயர்ந்த ஸ்பீக்கர்களை இணைப்பது எனக்கு உவப்பானதல்ல. எப்படியும் மாற்ற வேண்டியவற்றை இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

வேகத்தைப் பொறுத்தவரை, உங்களுடையது நேரடியாக மின்சாரத்தில் ஓடும் சின்க்ரனஸ் மோட்டாராக இருந்தால், அதன் வேகத்தை மின்சாரத்தின் அதிர்வெண்தான் தீர்மானிக்கிறது. அது கொஞ்சம் மெதுவாக ஓடுவது என்பது கிடையாது. மோட்டார் சரியாகச் சுற்றியும் தட்டு மந்தமென்றால் இடையில் பெல்ட் வழுக்குகிறது. புது பெல்ட்டும் வழுக்குகிறதென்றால் தட்டின் அச்சு சுழலும் குழியான பேரிங் இறுகியிருக்கிறது. பத்து நிமிடத்தில் சரியாவதும் அதற்குப் பொருந்துகிறது, ஏனெனில் பசையாகிப்போன பழைய எண்ணெய் சுழலச் சுழலச் சற்று இளகுகிறது. தட்டை எடுத்துவிட்டு, அச்சை மெதுவாக உருவி, குழியைத் துடைத்துப் புது எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். பல மாடல்களில் குழியின் அடியில் ஒரு சிறு எஃகுக் குண்டு இருக்கும் என்பதால், டர்ன்டேபிளைக் கவிழ்க்கும் முன் கீழே ஒரு துணி விரியுங்கள். நான் ஒருமுறை அதைத் தரை முழுக்கத் தேடியிருக்கிறேன்.

ஊசிமுனை

கெபாசிட்டர் விஷயத்தில் நான் உடன்படவில்லை. அளந்து பார்க்காமல் நாற்பது பாகங்களை மாற்றினால், ஒன்றைத் திருப்பி வைத்தாலும் புதிதாக ஒரு பழுது சேரும். பழைய பழுது எது என்பதும் மறைந்துவிடும். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் அந்த முனைகளில் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கருக்கு ஆகாத டிசி (நேர்மின்சாரம்) வருகிறதா என்று பாருங்கள். 50-க்குக் கீழே அசையாமல் நின்றால் ஸ்பீக்கர்களுக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. ஏறிக்கொண்டே போனால் நானே உங்களுக்குச் சால்டரிங் அயர்னை எடுக்கச் சொல்வேன்.

பரண்வாசி

இருவருக்கும் நன்றி. பிளக்குகளை மாற்றியதும் உறுமலும் மெலிந்த குரலும் அப்படியே வலப்பக்கம் வந்தன. கார்ட்ரிட்ஜைக் கழற்றி, ஒவ்வொரு வயரின் முனையிலிருந்தும் பிளக் வரை மல்டிமீட்டரின் பீப் ஒலியைக் கேட்டுப் பார்த்தேன். நீலம் மட்டும் சத்தமே போடவில்லை. பார்வைக்கு முழுதாக இருந்த அந்த வயரைச் சாமணத்தால் லேசாக இழுத்ததும், பச்சைக் களிம்பு பிடித்த கிளிப் தனியாகக் கையோடு வந்துவிட்டது. புதிய வயர்த் தொகுப்பு போட்டதும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் பாடுகின்றன. வயர் கார்ட்ரிட்ஜின் இணைப்பு முனையில் இருக்கும்போதே சால்டர் வைத்தால் உள்ளிருக்கும் சுருளின் இணைப்பு உருகிவிடும் என்று படித்திருந்ததால், கிளிப்புடன் வந்த வயர்களையே வாங்கினேன்.

பேரிங்கில் இருந்தது எண்ணெய் அல்ல, பழுப்பு மெழுகு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நான்கு முறை துடைத்த பிறகே துணி வெள்ளையாக வந்தது. புது எண்ணெய் விட்டபின், சுழல் வேகத்தைச் சரிபார்க்கும், 180 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோப் தட்டை 50 ஹெர்ட்ஸ் குண்டு பல்பின் கீழ் வைத்தேன். போட்ட மாத்திரத்தில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் கோடுகள் அசையாமல் நிற்கின்றன. ஸ்பீக்கர் முனைகளில் இடப்பக்கம் 12, வலப்பக்கம் 19 மில்லிவோல்ட் காட்டுகிறது.

ஈயப்பற்று

12, 19 என்றால் இப்போதைக்கு என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு மாதம் கழித்து, ஆம்ப்ளிஃபையர் ஒரு மணி நேரம் சூடேறிய பின் அதே இடத்தில் மறுபடி அளந்து எழுதுங்கள்.