இழை: விட்ரிமர், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மன்னார்குடி, வேதியியல் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழியில் படிக்கும் இளங்கலை மாணவர்களுக்காகப் பலபடி (பாலிமர்) வேதியியல் கையேடு ஒன்று தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். ஒரே ஒரு சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: விட்ரிமர்.

விஷயம் இதுதான். பிளாஸ்டிக்கில் இளகும் வகை, இறுகும் வகை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பக்கெட், பிவிசி பைப் எல்லாம் முதல் வகை. சூடாக்கி வேறு உருவம் கொடுக்கலாம். பேக்கலைட், எபாக்சி இரண்டாம் வகை. மூலக்கூறுச் சங்கிலிகளை வலைபோலக் கோக்கும் குறுக்குப் பிணைப்பு விழுந்துவிட்டால் அப்புறம் உருகாது, கருகத்தான் செய்யும். 2011இல் பாரிசில் லுத்விக் லைப்லர் குழுவினர் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் செய்து காட்டினார்கள். எபாக்சி வலைதான், கூடவே துத்தநாக வினையூக்கி. சூடாக்கினால் எஸ்டர் பிணைப்புகள் இடம் மாறிக்கொள்கின்றன. புதியது விழுந்த பிறகே பழையது விடுபடுவதால் பிணைப்புகளின் எண்ணிக்கை குறைவதில்லை. வலை அறுபடாமலே உருவம் மாறுகிறது. சூடு ஏற ஏறப் பாகுநிலையும் (பாகுபோல ஓடாமல் எதிர்க்கும் தன்மை) சட்டென்று விழாமல், கண்ணாடியைப் போல மெல்ல மெல்லக் குறைகிறது. அதனால்தான் கண்ணாடிக்கான லத்தீன் சொல்லை வைத்துப் பெயரிட்டார்கள்.

என் முன்மொழிவு: கண்ணாடிப்படி. ‘பலபடி’யில் உள்ள அதே ‘படி’. சரியா?

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, ‘ஆடி’ என்று இரண்டெழுத்து இருக்க ‘கண்ணாடி’ என்று நான்கெழுத்து எதற்கு? குவியாடி, குழியாடி என்று இயற்பியலில் ஏற்கெனவே புழங்குகிறதே. ஆடிப்படி என்க.

திருவையாறு, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, ஆடிப்படி என்றால் எங்கள் ஊரில் பதினெட்டாம் பெருக்கன்று கூட்டம் நிற்கிற படித்துறையைத்தான் நினைப்பார்கள். தவிர, ஆடி என்பது முகம் பார்ப்பது. இங்கே வேண்டியது பொருள்.

கும்பகோணம், தமிழாசிரியர்:

அப்படியானால் பளிங்கு. ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல்’ என்று வள்ளுவரே ஆண்டிருக்கிறார். பளிங்குப்படி. ஓசையும் நன்று.

மன்னார்குடி, ஆசிரியை:

ஓசை நன்றுதான் ஐயா, வேதியியல்தான் இடிக்கிறது. பளிங்கு என்றால் படிகம். அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும். கண்ணாடியில் அந்த ஒழுங்கே கிடையாது. ஈழத்துப் பாடநூல்களில் படிகத்துக்கே பளிங்கு என்றுதான் பெயர். அந்தப் பிள்ளைகள் இதைப் படித்தால் நேர் எதிராகப் புரிந்துகொள்வார்கள்.

சீர்காழி, வங்கி ஊழியர்:

நான் வேதியியல் படித்தவன் இல்லை. ஆனால் அந்தப் ‘படி’யே எனக்கு ஒட்டவில்லை. படி என்பது நெல் அளப்பது, ஏறுவது, பிரதி, பஞ்சப்படியும் படிதான். பலபடி என்றதும் என் அம்மா ‘எத்தனை மரக்கால்?’ என்று கேட்டார். ஈழத்தில் பல்பகுதியம் என்கிறார்கள். பகுதிகள் பல சேர்ந்தது; கேட்டதுமே புரிகிறது.

கும்பகோணம், தமிழாசிரியர்:

தம்பி, ‘படி’ வினையடி. ஒன்றன்மேல் ஒன்று படிவது. வண்டல் படிகிறது, தூசு படிகிறது. படிகமும் படிவமும் அதில் வந்தவையே. நெல் அளக்கும் படி அதே வேரா வேறா என்பது தனி ஆராய்ச்சி. மரக்கால் பேச்சு வந்ததால் சொல்கிறேன், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். மரக்காலின் அளவோ ஊருக்கு ஊர் மாறும். கோயில் மரக்கால் ஒன்று, பண்ணை மரக்கால் ஒன்று. குத்தகை வாங்கும்போது பெரியது, கூலி அளக்கும்போது சின்னது என்ற குற்றச்சாட்டும் பழையது.

திருவையாறு, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, வெள்ளிக்கிழமை!

நாகப்பட்டினம், ஃபைபர் படகுப் பட்டறைக்காரர்:

ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்கிறேன், இதில் ஒரு வார்த்தை சொல்லலாமா? எங்கள் தொழிலே இறுகும் வகைதான். கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசினில் ஹார்டனர் கலந்து பூசுவோம். ‘செட் ஆயிடுச்சு’ என்போம், அவ்வளவுதான். 2018 கஜா புயலில் உடைந்த படகுகளை உருக்கவா முடிந்தது? ஒட்டுப்போட முடிந்ததை ஒட்டினோம், மற்றதை அறுத்துப் போட்டோம். டீச்சர் சொல்கிற பொருள் படகு கட்டுகிற விலைக்கு வந்தால் எங்களுக்குப் பெரிய காரியம். பெயர் என்னவானாலும் பட்டறைப் பையன் வாயில் நுழையவேண்டும். பளிங்குப்படி என்று நான் கடையில் கேட்டால் மார்பிள் படிக்கட்டைக் காட்டுவான்.

தஞ்சாவூர், ஆய்வு மாணவர்:

கண்ணாடியை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அது ஒப்புமைப் பெயர், செயலைச் சொல்லவில்லை. எஸ்டரோடு கதை முடியவும் இல்லை. வினையூக்கியே தேவைப்படாத வினைலோகஸ் யூரித்தேன் வகை 2015இல் வந்துவிட்டது. 2017இல் டையாக்சாபொரோலேன் என்ற போரான் சேர்மத்தைக் கொண்டு சாதாரணப் பாலிஎத்திலீனையே விட்ரிமர் ஆக்கினார்கள். எல்லாவற்றிலும் பொதுவானது பிணைப்பு இடம் மாறுவதுதான். ஆகவே பிணைமாறி.

கும்பகோணம், தமிழாசிரியர்:

பிணைமாற்றி என்றல்லவா வரவேண்டும்? மின்மாற்றி இருக்கிறதே.

தஞ்சாவூர், ஆய்வு மாணவர்:

மின்மாற்றி பிறவினை ஐயா. மின்னழுத்தத்தை அது மாற்றித் தருகிறது. இங்கே பலபடி தன் பிணைப்புகளைத் தானே மாற்றிக்கொண்டு தானும் மாறுகிறது, ஆகவே மாறி. பிணைமாற்றி என்று யாரையாவது சொல்லவேண்டும் என்றால் அந்தத் துத்தநாகத்தைச் சொல்லலாம்.

கும்பகோணம், தமிழாசிரியர்:

இது அழகு. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கணக்கில் ‘மாறி’ என்றால் வேறு, x, y போல மதிப்பு மாறுவது.

திருச்சி, பொருளறிவியல் ஆய்வாளர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பிணைமாறி என்பது மிகவும் அகலமான பெயர். ஃபியூரான், மேலிமைடு என்ற இரு தொகுதிகள் சேர்ந்து உண்டாகும் டீல்ஸ்-ஆல்டர் வினை வலைகளிலும் பிணைப்பு மாறுகிறது. அங்கே சூட்டில் முதலில் பிணைப்பு அறுந்து, ஆறும்போதுதான் மறுபடி சேர்கிறது. நடுவில் வலை தளர்ந்து குழம்பாகிவிடும். அதை விட்ரிமர் என்று சொல்வதில்லை. சேர்ந்த பிறகு விடுவதா, விட்ட பிறகு சேர்வதா என்பதுதான் வித்தியாசமே. பிணைமாறி இரண்டையும் ஒரே பெயரில் அடைத்துவிடுகிறது. கண்ணாடி என்ற ஒப்புமை அந்த வேறுபாட்டையாவது காப்பாற்றியது.

நாகப்பட்டினம், பட்டறைக்காரர்:

படகை ஒரு முளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது புதுக் கயிற்றைக் கட்டிவிட்டுத்தான் பழையதை அவிழ்ப்போம். முதலில் அவிழ்த்தால் படகு போய்விடும். இதுதானே நீங்கள் சொல்வது? அப்படியானால் கட்டிமாறி என்று வைத்துவிடுங்களேன்.

திருச்சி, ஆய்வாளர்:

இதுதான். இதைவிடத் துல்லியமாக நான் கேட்டதில்லை. என் ஓட்டு கட்டிமாறிக்கு.

சீர்காழி, வங்கி ஊழியர்:

தேர்வுத்தாளில் கட்டி என்று பார்த்தால் மருத்துவப் பாடம் என்று நினைப்பார்கள்.

கும்பகோணம், தமிழாசிரியர்:

வெல்லக்கட்டி, மண்கட்டி, தலையில் கட்டி. ‘கட்டி’ வினையெச்சமா பெயரா என்று மாணவன் தடுமாறுவான். பட்டறைக்காரர் தவறாக எண்ணவேண்டாம், கருத்து உயர்ந்தது. சொல்தான் பாடநூலில் நிற்காது.

திருச்சி, ஆய்வாளர்:

ஐயா, ‘மாறி’யின் குழப்பத்தைப் பொறுத்துக்கொண்டவர்களுக்குக் ‘கட்டி’ மட்டும் ஏன் உறுத்துகிறது? பட்டறையிலிருந்து வந்தது என்பதாலா?

திருவையாறு, மொழிபெயர்ப்பாளர்:

சண்டை வேண்டாம். இதுவரை பிணைமாறிக்கு நான்கு பேர், கட்டிமாறிக்கு இரண்டு பேர். நான் அந்த நால்வரில் ஒருவன், விரும்பி அல்ல, களைத்துப்போய்.

மன்னார்குடி, ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் ‘பிணைமாறிப் பலபடி’ என்று போட்டுவிட்டேன். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் விட்ரிமர் என்று தமிழ் எழுத்தில். விளக்கப் பத்தியில் முளை, கயிறு எடுத்துக்காட்டை அப்படியே எழுதி, ‘கட்டிமாறி என்பாரும் உளர்’ என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். கோப்பு போய்விட்டது.

திருச்சி, ஆய்வாளர்:

‘என்பாரும் உளர்’ என்பதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். இரண்டாம் பதிப்பில் பார்ப்போம்.

தஞ்சாவூர், ஆய்வு மாணவர்:

ஆசிரியைக்கு ஒரு கேள்வி. குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே பிணைப்பு மாறுவது ஏறக்குறைய நின்று வலை அப்படியே நிலைத்துவிடுமே, அந்த வெப்பநிலைக்குக் கையேட்டில் என்ன பெயர் கொடுத்திருக்கிறீர்கள்? ‘உறைநிலை’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், தண்ணீரோடு குழப்பிக்கொள்வார்கள்.

கும்பகோணம், தமிழாசிரியர்:

விறைநிலை. ‘விறை’ என்ற வேரைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.