பவர்ஷாட் ஜி12 கேமராவுக்கு அடாப்டர் குழாயும் ஃபில்டர்களும்: எதை, எந்த அளவில் வாங்குவது?

நீரோடை எழுதியது:

வணக்கம். நான் கேனான் பவர்ஷாட் ஜி12 பயன்படுத்துகிறேன். அருவி, குளம், மழையில் நனைந்த இலைகள் இவற்றைப் படமெடுப்பதில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம். நீரின் மேற்பரப்பில் விழும் பளபளப்பைக் குறைக்கப் போலரைசரும், ஓடும் நீரை மென்மையாக வழிவதுபோல் காட்ட, ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரும் வேண்டும் என்று அறிகிறேன். ஆனால் இதன் லென்ஸ் முனையில் ஃபில்டரைத் திருகுவதற்கு மரை இல்லை. அடாப்டர் குழாய் ஒன்றைக் கேமராவின் உடலில் பொருத்தி, அதன் முனையில்தான் ஃபில்டரை மாட்ட வேண்டியிருக்கிறது.

கேனானின் குழாய்களிலேயே இரண்டு வகைகளைப் பார்த்தேன். அவற்றுள் எது எனக்கு ஏற்றது? பிற நிறுவனங்களின் உலோகக் குழாய் வாங்கலாமா? போலரைசரில் லீனியர், சர்க்குலர் என்ற இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது? பாதுகாப்புக்காக யு.வி. ஃபில்டரை எப்போதும் மாட்டி வைத்திருப்பது நல்லதா?

கருவளையம் எழுதியது:

முதலில் குழாயை முடிவு செய்யுங்கள்; ஃபில்டரின் விட்டத்தை அதுதான் தீர்மானிக்கிறது. ஜி12-க்கு உரிய இரண்டும் 58 மி.மீ. மரை உடையவை. எஃப்ஏ-டிசி58பி என்பது ஃபில்டர் மாட்டுவதற்கானது. எல்ஏ-டிசி58கே என்பது டிசி-டிசி58டி என்னும் தொலைநோக்கு இணைப்பு லென்ஸைத் தாங்குவதற்கானது. அந்த இணைப்பு லென்ஸை வாங்கும் எண்ணம் இல்லையென்றால் முதலாவதே போதும்.

பிற நிறுவனத்தின் குழாயை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதில் உங்கள் கேமராவின் மாடல் எண் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். ஒரே வரிசையைச் சேர்ந்த கேமராக்களுக்கும் அளவு மாறுவது உண்டு: பானசோனிக் எல்எக்ஸ்3-இன் அடாப்டர் 46 மி.மீ., எல்எக்ஸ்5-க்கு 52 மி.மீ., எல்எக்ஸ்7-க்கு 37 மி.மீ. எனவே "இந்த வரிசை முழுவதற்கும் பொருந்தும்" என்று யாரேனும் சொன்னால் நம்பிவிட வேண்டாம். குழாய், லென்ஸ் முழுவதுமாக வெளியே நீளும்போது அதன் முனை ஃபில்டரின் கண்ணாடியைத் தொடாத அளவுக்கு நீளமாகவும், பரந்த கோணத்தில் படத்தின் மூலைகளை மறைக்காத அளவுக்குக் குட்டையாகவும் இருக்க வேண்டும். நீளும் லென்ஸ் எதிலாவது முட்டி நின்றால், அதை இயக்கும் சிறிய மோட்டாருக்கும் பற்சக்கரங்களுக்கும் கேடு. வாங்கியவுடன், ஃபில்டர் எதையும் மாட்டாமல் கேமராவை இயக்கி, ஜூமை முழுவதும் நீட்டிச் சுருக்கிப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

உலோகமா பிளாஸ்டிக்கா என்பதைவிட உட்புறம் பளபளப்பில்லாத கருப்பாக இருக்கிறதா என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் இடையில் நீண்ட வெற்றிடம் இருப்பதால், பக்கவாட்டில் நுழையும் வெயில் உட்சுவரில் பட்டு லென்ஸுக்குள் சிதறினால் படம் முழுவதும் வெளிறிப்போகும்.

பொருத்தும் முறை எளிது. கேமராவை அணைத்துவிட்டு, லென்ஸுக்குப் பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தியபடி அலங்கார வளையத்தைத் திருப்பிக் கழற்றுங்கள். அந்த இடத்தில் குழாயை வைத்துப் பூட்டும்வரை திருப்புங்கள். குழாய் இருக்கும்போது உள்ளமைந்த ஃபிளாஷைப் பயன்படுத்த வேண்டாம், படத்தின் கீழ்ப்பகுதியில் குழாயின் நிழல் விழும். ஆப்டிகல் வியூஃபைண்டரிலும் கீழ்ப்புறம் ஓரளவு மறையும்.

ஒளிமானி எழுதியது:

குழாயைப் பற்றி மேலே சொல்லப்பட்டதை முழுவதும் ஏற்கிறேன். ஃபில்டர்களைப் பற்றி எழுதுகிறேன்.

உங்கள் விருப்பங்களுக்கு முதலில் வாங்க வேண்டியது போலரைசர்தான். மற்ற பல ஃபில்டர்களின் வேலையைக் கணினியில் பின்னர் ஓரளவு செய்துவிடலாம். நீரின் மீதும் ஈர இலைகளின் மீதும் எதிரொளிக்கும் ஒளியை நீக்கி அடியிலுள்ள நிறத்தை வெளிக்கொணர்வதை எந்த மென்பொருளாலும் உண்மையாகச் செய்ய முடியாது, ஏனெனில் அந்த நிறம் சென்சாரில் பதிவாகவே இல்லை. நீர்ப்பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 53 பாகை சாய்வில் பார்க்கும்போது விளைவு மிக வலுவாக இருக்கும். நேர் மேலிருந்து பார்த்தால் அநேகமாக ஒன்றும் தெரியாது. வெற்று உலோகப் பரப்பின் பளபளப்பை இது நீக்காது. வானத்தைப் பொறுத்தவரை, சூரியனுக்கு 90 பாகை விலகிய பகுதியே மிகுதியாகக் கருநீலமாகும். ஆகவே இந்தக் கேமராவின் மிகப் பரந்த கோணமான 28 மி.மீ.யில் வானம் ஒருபுறம் அடர்ந்தும் மறுபுறம் வெளிறியும் தோன்றக்கூடும்.

லீனியரா சர்க்குலரா என்ற கேள்வி, லென்ஸ் காணும் காட்சியைக் கண்ணாடி வழியாகக் காட்டும் எஸ்.எல்.ஆர். கேமராக்களிலிருந்து வந்தது. அவற்றில் ஒளியின் ஒரு பகுதி, பாதி ஊடுருவும் கண்ணாடி வழியாக அளவீட்டுக்கும் ஃபோகஸுக்கும் பிரிந்து செல்வதால் லீனியர் வகை அவற்றைக் குழப்பும். ஜி12 இரண்டையும் சென்சாரிலிருந்தே செய்கிறது, லீனியரே போதுமானது. பிற்காலத்தில் வேறு கேமராவிலும் பயன்படுத்த எண்ணினால் சர்க்குலர் வாங்குங்கள். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: வளையத்தைச் சுழற்றும்போது எல்சிடி திரையையே பாருங்கள். ஆப்டிகல் வியூஃபைண்டர் லென்ஸின் வழியாகப் பார்ப்பதில்லை என்பதால் அதில் மாற்றம் எதுவும் தெரியாது.

என்.டி. ஃபில்டரை இப்போது வாங்க வேண்டாம். 3 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்) அளவுள்ள என்.டி. ஃபில்டர் உங்கள் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. ஃபங்ஷன் மெனுவில் அதை இயக்கலாம். கணக்கைப் பாருங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 80, லென்ஸ் துளை எஃப்/8 என்றால் ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/320 நொடி. மரநிழலில் விழும் அருவிக்கு 3 ஸ்டாப் குறைவு என்று வைத்தால் 1/40. உள்ளமைந்த என்.டி.யை இயக்கினால் 1/5. போலரைசர் மேலும் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை விழுங்குவதால் ஏறத்தாழ 0.6 நொடிக்கும் 0.8 நொடிக்கும் இடையில் வந்துவிடும். நீரின் இழைகள் தெரியும்படியும் ஓட்டம் புலப்படும்படியும் இருக்க எனக்குப் பிடித்த வேகமும் அதுவே. முக்காலி இன்றி இது கைகூடாது. கொளுத்தும் வெயிலில் இதே விளைவு வேண்டுமென்றால் அப்போது வெளியே மாட்டும் என்.டி. ஒன்றை யோசிக்கலாம். இந்தச் சிறிய சென்சாரில் எஃப்/8-இலேயே, சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் கூர்மை சற்றுக் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

யு.வி. ஃபில்டரைப் புற ஊதாக் கதிருக்காக வாங்குவதில் பொருளில்லை. சென்சாரின் முன்னுள்ள அடுக்குகளே அதைப் பெருமளவு தடுத்துவிடுகின்றன. கடல் உப்புத் துளியோ மணலோ அருவிச் சாரலோ தெறிக்கும் இடத்தில் காப்புக் கண்ணாடியாக மாட்டுங்கள், மற்ற நேரங்களில் கழற்றி விடுங்கள். இரவில் விளக்குகளைப் படமெடுக்கும்போது கட்டாயம் கழற்றுங்கள். தட்டைக் கண்ணாடியில் எதிரொளித்த விளக்குகளின் உருவங்கள் படத்தில் பேய்போல் மிதக்கும்.

நீரோடை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எஃப்ஏ-டிசி58பி-யும் ஒரு போலரைசரும் வாங்குகிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. 58-இலிருந்து 67 மி.மீ.க்கு மாற்றும் வளையம் ஒன்றைச் சேர்த்துப் பெரிய ஃபில்டராக வாங்கினால் மூலைகள் கருமையாவதைத் தவிர்க்க முடியுமா? ஃபில்டர் குழாயில் இறுகிக்கொண்டால் எப்படிக் கழற்றுவது?

கருவளையம் எழுதியது:

மூலைகளை மறைப்பது ஃபில்டரின் தடித்த சட்டமாக இருந்தால் பெரிய ஃபில்டர் உதவும். குழாயின் விளிம்பே மறைத்தால் எவ்வளவு பெரிய ஃபில்டரும் உதவாது. முதலில் குழாயை மட்டும் மாட்டி, மிகப் பரந்த கோணத்தில் வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துப் பாருங்கள். மூலைகள் தெளிவாக இருந்தால் 58 மி.மீ.யில் மெல்லிய சட்டமுள்ள போலரைசரே போதும். அதன்மேல் இன்னொரு ஃபில்டரை அடுக்க வேண்டாம்.

இறுகிய ஃபில்டரை விரல்களால் இரு புறமும் அழுத்திப் பிடித்துத் திருகினால் வளையம் நீள்வட்டமாகி மரை மேலும் கவ்விக்கொள்ளும். குழாயைக் கேமராவிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான ரப்பர் பட்டையை ஃபில்டரின் சுற்றளவு முழுவதும் சுற்றி, மெதுவாக, ஒரே சீரான அழுத்தத்தில் திருப்புங்கள். போலரைசரின் முன்வளையம் தனியே சுழலும் என்பதால், பட்டை குழாயை ஒட்டிய பின்வளையத்தின் மீது இருக்க வேண்டும்.