மறு: அடாப்டருக்குத் தமிழ் – இணக்குதட்டு, கூம்புறை

குழுவினருக்கு வணக்கம்.

ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு பாகங்களை இணைக்க இடையில் வைக்கும் ‘அடாப்டரு’க்குத் தமிழில் என்ன என்ற கும்பகோணத்து நண்பரின் கேள்விக்கு இதுவரை ஒட்டுப்பாகம், பொருத்தி, தகவி, இணக்கி என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்குமே ‘அடாப்டர்’ என்ற ஒரு சொல்லுக்கு ஈடாக ஒரு சொல்லைத் தேடியவை. எனக்கு அந்தத் தேடலே உடன்பாடில்லை. அவருடைய பட்டறையில் அந்தப் பெயரோடு கிடப்பவை வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு சாமான்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: நண்பர் குழாய்ச் சட்டத்தில் தாமே வடிவமைத்த இரண்டு இருக்கைக் கார் ஒன்றைக் கட்டுகிறார். முன்சக்கரத் தொங்கலமைப்பு (சஸ்பென்ஷன்), காயலான் கடைக்குப் போக இருந்த ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரிலிருந்து கழற்றியது. சக்கரங்களும் ஸ்டியரிங்கும் மாருதி 800-இலிருந்து வந்தவை. ஹெரால்டைத் தேர்ந்ததைச் சிலர் கேலி செய்திருந்தீர்கள். இங்கிலாந்தில் பந்தயக் கார்களுக்குப் பெயர்பெற்ற லோட்டஸ் நிறுவனமே, நம் ஹெரால்டின் மூலமான டிரையம்ப் ஹெரால்டின் முன்சக்கரத் தூணை (சக்கரக் குடத்தைத் தாங்கும் பாகம்) வாங்கித் தன் கார்களில் வைத்தது. நண்பர் நல்ல வழியில்தான் போகிறார். (அந்தத் தூணின் கீழே மரையிட்ட மூட்டு ஒன்று உண்டு. அதற்குக் கிரீஸ் அடிக்காதீர்கள், இ.பி. 90 கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கிரீஸ் மரைக்குள் சரியாகப் போய்ச் சேராமல், மரை தேய்ந்து, ஒரு நாள் தூண் முறியும்.)

முதல் சாமான் சக்கரத்தில் வருகிறது. ஹெரால்டின் நான்கு போல்ட்டுகள் 95.25 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன. மாருதி 800 சக்கரத்தின் நான்கு துளைகள் 114.3 மி.மீ. வட்டத்தில். ஆகவே இடையில் ஒரு தடித்த தட்டு வேண்டும். ஒரு வட்டத்துத் துளைகள் சக்கரக் குடத்தோடு (ஹப்) பிணைய, மற்ற வட்டத்துப் போல்ட்டுகள் சக்கரத்தைத் தாங்கும். இரு வட்டங்களின் ஆரங்களுக்கும் வேறுபாடு பத்து மில்லிமீட்டர்கூட இல்லை. நேருக்கு நேர் துளையிட்டால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். அதனால் ஒரு வரிசையை 45 பாகை திருப்பி வைப்பார்கள். தட்டின் தடிமன் அளவுக்குச் சக்கரம் வெளியே தள்ளும், பேரிங்குக்குச் சுமை கூடும். ஆனால் தட்டைக் கழற்றிவிட்டால் ஹெரால்டும் மாருதியும் பழையபடியே இருக்கும். எதுவும் வெட்டுப்படவில்லை.

இரண்டாவது சாமானின் கதை வேறு. சக்கரத்தைத் திருப்பும் நெம்புகோலான ஹெரால்டின் ஸ்டியரிங் கையில் உள்ள கூம்புத் துளைக்குள், மாருதி ஸ்டியரிங்கின் பந்துமூட்டில் (பால் ஜாயின்ட்) உள்ள கூம்புத் தண்டு இறுகி உட்கார வேண்டும். கார்களில் இந்தக் கூம்பு பெரும்பாலும் 1:8 அல்லது 1:10. முதலாவதில் எட்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் ஒரு மில்லிமீட்டர் குறையும், இரண்டாவதில் பத்து மில்லிமீட்டருக்கு. கோணக் கணக்கில் 7.15 பாகையும் 5.72 பாகையும், கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. 1:8 துளையில் 1:10 தண்டைப் போட்டு நட்டை முடுக்கினால் இறுகிவிட்டது போலவே இருக்கும். தண்டில் நீல மை தடவி, ஒரு முறை பொருத்தி எடுத்துப் பாருங்கள். துளையின் சிறிய வாயருகே மெல்லிய வளையமாக மட்டும் மை ஒட்டியிருக்கும், மற்ற இடமெல்லாம் பளபளவென்று வெறும் இரும்பு. அந்த ஒற்றை வளையத்தில் ஆடி ஆடித் தண்டு களைத்து ஒடியும். ஒடிவது ஸ்டியரிங்.

இதற்கு வழி, துளையை நேராகக் கடைந்து பெரிதாக்கி, வெளிப்புறம் நேராகவும் உட்புறம் தேவையான கூம்பாகவும் உள்ள எஃகு உறை ஒன்றை இறக்குவது. தண்டு நுழையும் பக்கத்தில் உறைக்கு ஒரு விளிம்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நட்டை முடுக்கும்போது உறையும் சேர்ந்து இழுபடும். துளையைச் சுற்றி மிஞ்சும் இரும்பு போதுமா என்று முதலில் அளக்க வேண்டும். வெல்டு வைத்து ஒப்பேற்றும் யோசனை வேண்டாம். சூடு பட்டால் அடித்து உருவாக்கிய கையின் பதம் கெட்டுவிடும். துளை பெரிதாகிவிட்ட பிறகு அந்தக் கை மறுபடி ஹெரால்டுக்கு ஆகாது.

தட்டைக் கழற்றலாம், உறைக்குத் துளைத்ததை மூட முடியாது. இரண்டையும் ‘பொருத்தி’ என்று எழுதி வைத்தால், சில ஆண்டுகள் கழித்து வண்டியைத் திறக்கும் மெக்கானிக்குக் கை வெட்டுப்பட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஹெரால்டு என்று நம்பி ஹெரால்டின் பந்துமூட்டையே வாங்கி வந்துவிடுவார்.

ஆகவே என் முன்மொழிவு: தட்டுக்கு இணக்குதட்டு, உறைக்குக் கூம்புறை.

‘இணக்குத்தட்டு’ என்று வல்லினம் மிக வேண்டாமா என்று கேட்பீர்கள்.

மிகாது. இணக்கு இங்கே பெயரன்று. இணக்கிய, இணக்கும் என விரியும் வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல இயல்பாகவே நிற்கும். ‘இணக்கி’ என்று தனியே விடாததற்குக் காரணம், கணினிக்காரர்கள் அதை மோடத்துக்கு எடுத்துக்கொண்டது.

உறை நமக்குப் புதிதன்று. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும்போதே ‘உறைகிணறு’ என்கிறது. மண் சரியாமல் கிணற்றுக்குள் சுடுமண் வளையம் இறக்குவதும், துளைக்குள் எஃகு வளையம் இறக்குவதும் ஒரே வேலைதான். ‘இணக்குறை’ என்று சேர்த்துப் பார்த்தேன். காதில் ‘குறை’ விழுகிறது, விட்டுவிட்டேன்.

‘ஒட்டுப்பாகம்’ வேண்டாம். மாங்கன்றுக்கு அழகான சொல்தான். பட்டறையில் ஒட்டு என்றால் ஒப்புக்குச் செய்தது என்று பொருள். பாகங்களைக் கழற்றி எடுக்கும் பழைய வண்டிக்குச் சொன்ன ‘கொடைவண்டி’யும் எனக்கு ஒட்டவில்லை; எந்த வண்டியும் தானாகக் கொடுப்பதில்லை. அப்படிக் கழற்றிய பாகத்துக்குச் சென்னை நண்பர் சொன்ன ‘உடைப்புச் சாமான்’ அங்கே செல்லும். எங்கள் பக்கம் உடைப்பு என்றால் கொள்ளிடக் கரைதான் நினைவுக்கு வரும், ஊரே எழுந்து ஓடும். ‘கழற்றுபாகம்’ என்று சொன்னால் போதாதா?

இந்தக் காரைச் சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால், வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை நண்பர் முதலில் படித்துவிடட்டும். அது தனி விவாதம்.

நம் சொற்பட்டியலில் ஏற்றும் அன்பர் இரண்டையும் தனித்தனி உள்ளீடாக ஏற்ற வேண்டுகிறேன். கூம்புறைக்குப் பக்கத்தில் துளையின் பழைய விகிதம், உறையின் புதிய விகிதம் இரண்டையும் ‘1:8 / 1:10’ என்ற வரிசையில் எழுதும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கையின் மேலேயே பொறித்துவிட்டால் இன்னும் நல்லது. சேலத்து ஐயா கேட்ட கிங் பின்னுக்கு (முன்சக்கரம் திரும்பும் ஆணி) இங்கே தனி விவாத இழை தொடங்குங்கள். அதில் அச்சாணியா கடையாணியா என்ற சண்டை நிச்சயம் வரும்.