இடுப்பில் எத்தனை மேகசின்? சப்மெஷின் கன் போட்டியில் ஒரு தீராத தகராறு

உஸிக்காரன்:

சண்டையை நானே தொடங்கி வைக்கிறேன். போட்டிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே ஓர் உபரி மேகசினை (தோட்டா நிரப்பும் பெட்டியை) கால்சட்டையின் பின்பையில் செருகிக்கொண்டு சுடும் கோட்டில் வந்து நிற்கிறார்கள். நான் இடுப்புப் பட்டையில் மூன்று மாட்டிக்கொண்டு போனால், "போருக்கா போகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். என் சப்மெஷின் கன்னான உஸி நிமிடத்துக்குச் சுமார் 600 தோட்டா சுடும், அதாவது நொடிக்குப் பத்து. விசையை விடாமல் பிடித்தால் 32 தோட்டா மேகசின் மூன்று நொடியில் காலி. மாக்-10 என்ற சப்மெஷின் கன் வைத்திருப்பவர்கள் இன்னும் பாவம்; அது முப்பது தோட்டாவை ஏறக்குறைய ஒன்றரை நொடியில் விழுங்கிவிடும். ஆக, இந்த விளையாட்டில் சுடுவது பாதி, மேகசின் மாற்றுவது மறுபாதி. அந்த மறுபாதியை யாரும் பயிற்சி செய்வதில்லை. தினமும் பத்து நிமிடம், வெற்றுத் துப்பாக்கியும் வெற்று மேகசினுமாகச் செய்து பாருங்கள், பிறகு பேசுவோம்.

டிரம்வாசி:

வேகமாக மாற்றுவதைவிட மாற்றாமலே இருப்பது வேகம். என் தாம்சன் சப்மெஷின் கன்னில் 50 தோட்டா டிரம் (வட்ட வடிவ மேகசின்) போட்டுக்கொண்டு போகிறேன். நாற்பது தோட்டா கேட்கும் சுற்றில் நீங்கள் இடுப்பைத் தடவிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் கடைசி இரும்புத் தகட்டைச் சாய்த்துவிட்டுத் துப்பாக்கியைக் காலி செய்து காட்டிக்கொண்டிருப்பேன். இடுப்பில் ஒன்றும் இல்லை, மனத்திலும் ஒன்றும் இல்லை.

எம்பி5பித்தன்:

ஐயா, ஐம்பத்தொன்றாவது தோட்டா தேவைப்பட்டால் என்ன செய்வீர்கள்? டிரம்மைக் கீழிருந்து செருக முடியாது, பக்கவாட்டில் தள்ள வேண்டும். போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளும் இரும்புத் துண்டு, பின்னால் இழுத்து நிற்காவிட்டால் அது உள்ளே போகவும் போகாது, வெளியே வரவும் வராது. இதையெல்லாம் ஓடிக்கொண்டே செய்து காட்டுங்கள், என் தொப்பியைக் கழற்றி வைக்கிறேன். எடையைப் பற்றி நான் பேசவே இல்லை. நிறைந்த டிரம்மோடு மூன்றாம் ஜன்னல் (நின்று சுடும் இடம்) வரை ஓடியவர்களின் மூச்சைக் கேட்டிருக்கிறேன், அது போதும்.

டிரம்வாசி:

ஐம்பத்தொன்றாவது தோட்டா தேவைப்படுகிறவர் குறி தவறுகிறவர். அவருக்கு மேகசின் அல்ல, கண்ணாடி வேண்டும்.

உஸிக்காரன்:

இது பேச்சு. ஆனாலும் ரசித்தேன்.

டைமர்பிடி:

பல ஆண்டுகளாகச் சுடுகிறவர்களுக்குப் பின்னால் டைமரோடு நிற்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மேகசின் மாற்றும்போது நேரம் கையில் வீணாவதில்லை, தலையில்தான் வீணாகிறது. துப்பாக்கி சுடாமல் நின்றதும் சுடுகிறவர் முதலில் நம்ப மறுப்பார். விசையை இன்னொரு தடவை அழுத்துவார். துப்பாக்கியைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கை இடுப்புக்குப் போகும். கை போனபின் ஆகும் நேரம் பழகியவருக்கும் பழகாதவருக்கும் பெரிதாக வேறுபடுவதில்லை. அதற்கு முன்னால் நடக்கும் அந்தத் திகைப்புதான் போட்டியைத் தின்கிறது.

ஆகவே உஸிக்காரரின் பத்து நிமிடப் பயிற்சி பாதி மருந்து. எங்கே மாற்றுவது என்பதைச் சுடுவதற்கு முன் சுற்றின் இடத்தை நடந்து பார்க்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். தொடர்ந்து சுடும்போது யாராலும் தோட்டாவை எண்ண முடியாது. இடத்தைத்தான் எண்ண முடியும்: இந்தச் சுவரைத் தாண்டும்போது மாற்றுவேன், மிச்சம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

உஸிக்காரன்:

இதில் நீங்களும் நானும் ஒரே கட்சிதான். நான் சொல்ல வந்ததையே நீங்கள் முழுதாகச் சொல்லிவிட்டீர்கள். திறந்த போல்ட் துப்பாக்கியில் (விசையை அழுத்தும் வரை போல்ட் பின்னால் நிற்கும் வகை, உஸி அப்படித்தான்) இதற்கு இன்னொரு லாபமும் உண்டு. காலியாகும் வரை சுட்டால் போல்ட் முன்னால் போய் மூடிக்கொள்ளும். புது மேகசினைச் செருகி, பிடியை நன்றாக அழுத்திக்கொண்டு, மேலே இருக்கும் இழுபிடியையும் இழுத்துப் போல்ட்டைப் பின்னால் நிறுத்த வேண்டும். மிச்சம் இருக்கும்போதே மாற்றினால் போல்ட் பின்னாலேயே நிற்கும். பழையது வெளியே, புதியது உள்ளே, அவ்வளவுதான். ஒரு முழு அசைவு மிச்சம்.

டைமர்பிடி:

அந்த இடத்தில்தான் நான் உங்கள் கட்சியிலிருந்து விலகுகிறேன். போல்ட் பின்னால், மேகசின் உள்ளே, கால்கள் ஓட்டத்தில். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதை நான் விரும்புவதில்லை. திறந்த போல்ட்டில் விசை அழுந்திவிட்டால் அந்தக் கனமான இரும்பு முன்னால் பாய்ந்து தோட்டாவை அள்ளிச் சுட்டுவிடும். இடறி விழுகிறவரின் விரல் எங்கே இருக்கும் என்பதற்கு யார் பொறுப்பு?

உஸிக்காரன்:

அப்படியென்றால் போல்ட் முன்னால் இருப்பது மட்டும் பாதுகாப்பா? ஸ்டென் துப்பாக்கியின் பெயர் கெட்டதே அதனால்தானே. போல்ட் முன்னால், மேகசின் உள்ளே, தோளில் வைக்கும் கட்டைப்பகுதி தரையில் அடிபட விழுந்தால் போல்ட் தானாகவே பின்னால் எகிறி, திரும்பி வரும்போது ஒரு தோட்டாவைச் சுட்டுவிடும். உஸியில் பிடியிலேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கை பிடிக்காவிட்டால் போல்ட் அசையாது. எந்த நிலை ஆபத்து என்பதைத் துப்பாக்கிதான் தீர்மானிக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே விதி போடாதீர்கள்.

டைமர்பிடி:

பிடியை விட்டால்தானே அந்தப் பாதுகாப்பு? ஓடுகிறவர் விழப்போகும் நொடியில் கையிலிருப்பதை இறுக்கித்தான் பிடிப்பார். விழுந்து எழுந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓடுவதற்கு முன் தேர்வுப்பொத்தானைப் பாதுகாப்பு நிலைக்கு (விசை வேலை செய்யாத நிலைக்கு) தள்ளுங்கள், நின்றபின் திருப்புங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். குழல் முனை இலக்குத் திசையிலேயே இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்கிறேன், ஏனென்றால் இடுப்பில் மேகசினைத் தேடுகிறவர்கள் துப்பாக்கியையும் சேர்த்தே திருப்புகிறார்கள். இடப்பக்கம் ஓடும்போது முனையைக் கவனிக்க இன்னொரு கண் வேண்டும்.

புதுவரவு:

அண்ணன்மார்களே, சண்டைக்கு நடுவில் ஒரு சின்னக் கேள்வி. பையில் மேகசினை எப்படி வைப்பது? தோட்டா முனை முன்னாலா, பின்னாலா? நான் ஒவ்வொரு முறையும் திருப்பித்தான் எடுக்கிறேன்.

எம்பி5பித்தன்:

தம்பி, இதற்குத்தான் யாரும் பதில் சொல்வதில்லை. இடது இடுப்பில், தோட்டா முனை முன்பக்கம் பார்க்க வையுங்கள். எடுக்கும்போது ஆள்காட்டி விரல் மேகசினின் முன்விளிம்போடு நீண்டு கிடக்க வேண்டும், மேல் தோட்டாவின் அருகே அதன் நுனி. பிறகு கண் எதற்கு? விரல் காட்டும் இடத்துக்கு மேகசின் போகும். உஸியில் மேகசின் பிடிக்குள்ளேயே போவதால் இது இன்னும் எளிது. இருட்டில்கூட ஒரு கை மறுகையைத் தேடிக்கண்டுபிடித்துவிடும். என் எம்பி5 சப்மெஷின் கன்னில் பிடிக்கு முன்னால் இருக்கும் துளையைத் தேட வேண்டும்.

இன்னொன்று: நீளமான மேகசினை வயிற்றுக்கு நேராக மாட்டாதீர்கள். மண்டியிடும் சுற்றில் அது தொடையில் முட்டி, பையிலிருந்து எகிறி விழும். எனக்கு விழுந்திருக்கிறது. பின்னால் நின்றவர் அதைக் குனிந்து எடுத்துக் கொடுக்க வந்தது இன்னொரு கதை.

உஸிக்காரன்:

பித்தரே, உங்கள் துப்பாக்கியின் குறையையும் சொல்லுங்கள். தம்பி ஏமாந்துவிடப் போகிறார்.

எம்பி5பித்தன்:

சொல்கிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது? எம்பி5 கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட்டைத் திறந்து நிறுத்தாது. காலியானதை அது அறிவிப்பதில்லை, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூடிய போல்ட்டின் அடியில் முப்பதும் நிறைந்த மேகசினைத் திணித்தால் அடம்பிடிக்கும். உட்கார்ந்துவிட்டது என்று நினைப்போம், முதல் தொடர்சுடலிலேயே கழன்று விழும். ஆகவே இழுபிடியைப் பின்னால் இழுத்து மேலே மாட்டி, மேகசினைச் செருகி, பிறகு கையால் தட்டி விடுவது வழக்கம். அல்லது 28 தோட்டா மட்டும் நிரப்புவது. நான் 28 கட்சி.

டிரம்வாசி:

தட்டி விடுவதைத்தானே எல்லாரும் படமெடுத்துப் போடுகிறார்கள்? பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

எம்பி5பித்தன்:

அழகுக்காகத் தட்டுகிறவர்கள் இழுபிடியும் அதன் பள்ளமும் தேய்வதை யோசிப்பதில்லை. அமெரிக்காவில் 1986 மே மாதத்துக்குப் பின் தயாரான இயந்திரத் துப்பாக்கியைத் தனிநபர் வாங்க முடியாது. இருப்பதை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். மேகசின் தேய்பொருள், துப்பாக்கி அப்படி அல்ல.

உஸிக்காரன்:

மேகசின் தேய்பொருள் என்றதால் கேட்கிறேன். பாதி நிறைந்ததைக் கீழே போடலாமா? சரளைக்கல் தரையில் விழுந்து உதடு, அதாவது மேல் தோட்டாவைப் பிடித்து நிற்கும் வாய்விளிம்பு, வளைந்த மேகசின் ஒன்று என்னிடம் இருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை அடைக்கும். இரண்டு போட்டிகள் துப்பாக்கியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

டைமர்பிடி:

போடுங்கள். போட்டியில் போடத்தான் வேண்டும். பைக்குள் திருப்பி வைக்கிறவர் நேரத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார். ஆனால் ஒவ்வொன்றிலும் எண் எழுதி வையுங்கள். அடைத்தால் எந்த எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே எண் இரண்டாம் முறை அடைத்தால் அது பயிற்சி மேகசின், போட்டிக்கு வராது. ஸ்டென் வைத்திருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். அதன் மேகசினில் இரண்டு வரிசைத் தோட்டா ஒற்றை வாயாகக் குவிகிறது. உதட்டில் சிறு கோணல் போதும். 32 பிடிக்கும் என்பதால் 32 நிரப்பவும் கூடாது.

புதுவரவு:

இரண்டு மேகசினைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டினால் இந்த இடுப்பு வேலையே வேண்டாம் அல்லவா?

எம்பி5பித்தன்:

இரண்டையும் நேராக வைத்துக் கிளிப் போட்டால் பரவாயில்லை, கொஞ்சம் ஒருபக்கம் சாயும். தலைகீழாக ஒட்டுநாடா சுற்றாதீர்கள். கீழே தொங்கும் உதடு மண்ணை அள்ளும், படுத்துச் சுடும் சுற்றில் தரையில் குத்தும். உஸியில் இந்தக் கேள்வியே சிக்கல், மேகசின் கைக்கு அடியில் இருக்கிறது.

உஸிக்காரன்:

நேற்றுத் தளத்துக்குப் போய் வந்தேன். டைமர்பிடி சொன்னதுபோல் பொத்தானைப் பாதுகாப்புக்குத் தள்ளிவிட்டு ஓடி, ஓடும்போதே மாற்றி, நின்றபின் திருப்பிப் பார்த்தேன். முதல் ஐந்து முறை நின்றபின் திருப்ப மறந்தேன். விசையை அழுத்தி விழித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு பழகிவிட்டது. காலியாகும் வரை சுட்டு மாற்றுவதைவிட வேகம்தான். ஆனால் பாதுகாப்புக்குத் தள்ளாமல் மாற்றியதைவிட மெதுவாகத்தான் இருக்கிறது. அதை இன்னும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

டைமர்பிடி:

மனம் மெதுவாக வரட்டும். அடுத்த போட்டியில் உங்களுக்குப் பின்னால் நான்தான் நிற்பேன்.

டிரம்வாசி:

மூன்றாம் ஜன்னலை இடப்பக்கம் வைத்திருக்கிறீர்களா? இப்போதே சொல்லுங்கள், டிரம்மோடு எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று பார்க்க வேண்டும்.