அஸ்டெரிக்சிஸ்: ‘நடுக்கம்’ வேண்டாம், ‘நிலைநழுவல்’ என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

செரிமான, கல்லீரல் நோய்ப் பராமரிப்புக்கான செவிலியர் சொற்பட்டியலில் ஒரே ஒரு சொல் மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. காமாலை, மகோதரம், கருமலம், இரத்த வாந்தி போன்றவை மக்கள் நாவில் ஏற்கெனவே இருப்பவை என்பதால் அவற்றை எளிதில் ஏற்றுக்கொண்டோம். அசையாமல் நிறுத்திய கை திடீரென விழுந்து மீளும் நோய்க்குறியான அஸ்டெரிக்சிஸ் என்பதற்கு மட்டும் ‘சிறகடிப்பு நடுக்கம்’, ‘கல்லீரல் நடுக்கம்’, ‘மணிக்கட்டுச் சரிவு’, ‘கைத்துவளல்’ என நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. முதல் பரிந்துரைக்கே ஆதரவு மிகுதி என்பதை அறிவேன். ஆயினும் ‘நடுக்கம்’ என்ற சொல் இந்த நோய்க்குறிக்கு எந்த வடிவிலும் வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

படுக்கையருகே நாம் காண்பது எது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நோயாளியை இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்கிறோம். மணிக்கட்டுகளைப் பின்னோக்கி மடித்து, விரல்களை அகல விரித்து, எதிரே வருபவரை ‘நில்’ என்று தடுப்பதுபோல் அரை நிமிடம் அப்படியே வைத்திருக்கச் சொல்கிறோம். முதல் சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு கை திடீரெனச் சற்று முன்னோக்கி விழும். விழுந்த வேகத்திலேயே பழைய இடத்துக்கு மீளும். ஓரிரு நொடி கழித்து மற்றக் கை விழலாம், அல்லது அதே கை மீண்டும் விழலாம். அதில் தாளம் இல்லை. இரு கைகளும் சேர்ந்து விழ வேண்டும் என்பதும் இல்லை. தொடக்க நிலையில் மணிக்கட்டுகூட அசையாமல், விரல்கள் மட்டும் அடிமூட்டில் பக்கவாட்டாக ஒரு வெட்டு வெட்டி நிற்பதும் உண்டு. அருகில் அமர்ந்து பொறுமையாகப் பார்ப்பவர் கண்ணுக்கே அது தட்டுப்படும்.

இந்த அசைவின்போது தசையின் மின்செயலைப் பதிவுசெய்து பார்த்தால், கை விழும் கணத்தில் தசை எதையும் செய்யவில்லை என்பது தெரிகிறது. சுமார் 50 முதல் 200 மில்லிநொடி வரை அங்கே மின்செயலே இல்லை. நடுக்கம் என்பது எதிரெதிர்த் தசைகள் சுருங்கிச் சுருங்கித் தளர்வதால் எழும், தாளமுள்ள அசைவு. இதுவோ, கையைத் தூக்கிப் பிடித்திருக்கும் தசை கணநேரம் தன் வேலையை விட்டுவிடுவதால் வரும் விழுதல். 1940களின் இறுதியில் கல்லீரல் நோயாளிகளிடம் இதை விவரித்த ரேமண்ட் ஆடம்ஸ், ஜோசப் ஃபோலி ஆகிய மருத்துவர்கள் 1953இல் இதற்குப் பெயர் சூட்டியபோது, ‘நிலைத்திருத்தல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் முன் எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்தார்கள். நடுக்கம் என்ற கருத்தே அந்தப் பெயரில் இல்லை. அது வார்டு வழக்கில் ஒட்டிக்கொண்டிருப்பது. நாமும் ‘ஃபிளாப் (சிறகடிப்பு) இருக்கிறது’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

சொல்லில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். என் பணியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஓர் இரவுப் பணியில், நாட்பட்ட கல்லீரல் நோயுடன் அனுமதிக்கப்பட்டிருந்த ஒருவரைப் பொறுப்பேற்றேன். முந்தைய பணிநேரத்தின் குறிப்பில் ‘இரு கைகளிலும் நடுக்கம் உள்ளது’ என்று எழுதியிருந்தது. பழைய பதிவில் மதுப்பழக்கமும் குறிக்கப்பட்டிருந்தது. இரண்டையும் சேர்த்து, குடியை நிறுத்தியதால் வரும் நடுக்கம் என்று நான் புரிந்துகொண்டேன். பணி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து ‘கை நடுக்கம் இருக்கிறது, அமைதியின்றிப் புரள்கிறார்’ என்று தெரிவித்தேன். அவர் சொன்ன தூக்க ஊசியைப் போட்டேன். விடியற்காலையில் தோளைத் தட்டி எழுப்பினால் கண்ணைத் திறந்தார். பெயரைக் கேட்டால் பதில் இல்லை. காலையில் வந்த அவருடைய மனைவி, அவர் குடியை விட்டு மூன்று மாதமாகிறது என்றும், இரண்டு நாளாக மலம் தார்போலக் கருப்பாகப் போகிறது என்றும் சொன்னார். குடியை நிறுத்தியதால் வரும் நடுக்கம் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாட்களுக்குள் தொடங்குவது. மூன்று மாதம் கழித்து அது புதிதாக வராது. குடலில் கசிந்த இரத்தம் செரிந்து, அதிலிருந்து எழுந்த அமோனியாவைக் கல்லீரல் அகற்ற முடியாமல் மூளை மயங்கியிருந்தது. முன்னதற்குத் தூக்க ஊசி மருந்து. பின்னதற்கு அதுவே கேடு. அவர் சில நாட்களில் தேறினார். கைகளை நீட்டச் சொல்லி நானே ஒருமுறை பார்த்திருந்தால் போதும். அந்தக் குறிப்பில் ‘நடுக்கம்’ அல்லாத வேறொரு சொல் இருந்திருந்தால் பார்த்திருப்பேன் என்றே இன்றும் நம்புகிறேன்.

ஆகவே ‘சிறகடிப்பு நடுக்கம்’ என்பதன் பிற்பகுதி எனக்கு உடன்பாடில்லை. முற்பகுதியிலும் சிக்கல் உண்டு. பறவை சிறகடிப்பது முழு வலிமையோடு செய்யும் செயல். இங்கே வலிமை விட்டுப்போகிறது. சிறகடிப்பு என்று கற்ற மாணவி பெரிதாகப் படபடக்கும் கையை எதிர்பார்ப்பாள். விரல் மட்டும் வெட்டும் தொடக்க நிலையைக் கண்டும் ‘இல்லை’ என்று எழுதிவிடுவாள். ‘கல்லீரல் நடுக்கம்’ இன்னும் தவறானது. சிறுநீரகம் செயலிழந்தவரிடமும், நுரையீரல் நோயால் கரியமில வாயு தேங்கியவரிடமும், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் போன்ற மருந்துகள் மிகுந்தவரிடமும் இதே குறியைக் காணலாம். ஒரு பக்கக் கையில் மட்டும் தோன்றினால் மூளையின் குறிப்பிட்ட ஓரிடத்தில் பாதிப்பு இருக்கிறதா என்று ஐயுற வேண்டும். நோயின் பெயரைக் குறியின் பெயருக்குள் வைத்தால், பார்ப்பதற்கு முன்பே முடிவு கட்டிவிடுகிறோம்.

‘மணிக்கட்டுச் சரிவு’ நரம்பியல் பாடத்தில் வேறொன்றுக்கு வேண்டிய சொல். மேற்கை நரம்பு அடிபட்டு மணிக்கட்டு தூக்க முடியாமல் தொங்கிக் கிடப்பதற்கே அது பொருந்தும்.

‘கைத்துவளல்’ என்ற பரிந்துரையைத் தந்த அம்மாவுக்கு என் நன்றி. நான்கில் உண்மைக்கு மிக நெருக்கமானது அதுதான். கொடி துவள்வதைக் கண்ட எவர்க்கும் வலிமை விட்டுப்போவது உடனே மனத்தில் தோன்றும். ஆனால் துவண்டது துவண்டபடியே கிடக்கும். இங்கே கை விழுந்ததும் மீள்கிறது, அந்த மீட்சிதான் இந்தக் குறியின் அடையாளம். நாட்பட்ட கல்லீரல் நோயில் தசை கரைந்து, தோளும் கன்னப்பொட்டும் ஒட்டிப்போனவர்களைப் பார்த்து, ‘கை கால் எல்லாம் துவண்டு போயிற்று’ என்று உறவினர் சொல்வதும் வழக்கம். இன்னொன்றும் உண்டு: இந்தக் குறி கைக்கு மட்டும் உரியதன்று. நீட்டிய நாக்கிலும், மேல்நோக்கி மடித்த பாதத்திலும் காணலாம். கையை நீட்ட இயலாத அளவு அயர்ந்திருப்பவரிடம், நம் இரு விரல்களை இறுகப் பற்றச் சொன்னால், அவர் பிடி விடுவதும் மறுபடி இறுகுவதுமாக இருப்பதை நம் விரல்களே உணரும்.

இந்தப் பிடியை வைத்து ‘தசைப்பிடி நழுவல்’ என்று நானே முதலில் எழுதிப் பார்த்தேன். மறுநாளே அடித்துவிட்டேன். கல்லீரல் இறுகிய நோயாளிகளுக்குக் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு வருவது மிகச் சாதாரணம். ஒரே பதிவேட்டில் தசைப்பிடிப்பும் தசைப்பிடி நழுவலும் அடுத்தடுத்து நின்றால் படிப்பவர் தடுமாறுவார்.

எனவே ‘நிலைநழுவல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வைத்த நிலையில் உறுப்பு நிற்காமல் கணநேரம் நழுவுகிறது என்பதே இதன் பொருள். மூலச் சொல்லின் கருத்தும் அதுவே. உறுப்பின் பெயர் இதற்குள் இல்லாததால் கையில் நிலைநழுவல், நாக்கில் நிலைநழுவல், இடப்பக்க நிலைநழுவல் என்று வேண்டியபடி சேர்த்துக்கொள்ளலாம். ‘வலக்கை நிலை நழுவுகிறது’ என்று வினையாகவும் எழுதலாம். கலைச்சொல் வினையாக வளைந்துகொடுக்காவிட்டால் பணியறையில் அதை யாரும் எடுத்தாள்வதில்லை. ‘நிலை’ என்றதும் உடல்நிலையோ மனநிலையோ நினைவுக்கு வரும், ‘நிலைகுலைவு’ என்பதோடு குழம்பும் என்று மூத்த ஐயா ஒருவர் தனிமடலில் எச்சரித்தார். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் குலைவில் மீட்சி இல்லை, நழுவலில் உண்டு. கையிலுள்ள பொருள் நழுவும்போது, விழுமுன் நாம் சட்டென்று இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம் அல்லவா, அந்த அசைவேதான் இது.

சொல் முடிவானால் அதைப் பதியும் முறையையும் கூடவே முடிவு செய்ய வேண்டுகிறேன். ‘உண்டு’, ‘இல்லை’ என இரண்டு கட்டங்கள் மட்டும் இருந்தால் போதாது. கல்லீரல் நோயால் வரும் மூளை மயக்கத்தை நான்கு படிகளாகப் பிரிக்கும் வெஸ்ட் ஹேவன் அளவுகோலில், பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, கவனம் சிதறுவது போன்றவை முதல் படி. நாள் கிழமை மறந்து, நிலைநழுவல் தெளிவாகத் தெரிவது இரண்டாம் படி. நான்காம் படியான ஆழ்மயக்கத்தில் கையை நீட்டவே முடியாததால் நிலைநழுவல் காணப்படாது. நேற்று ‘உண்டு’, இன்று ‘இல்லை’ என்ற பதிவைப் பார்ப்பவர் நோயாளி தேறிவருகிறார் என்று எண்ணிவிடலாம். உண்மையில் அவர் மூழ்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே ‘சோதிக்க இயலவில்லை’ என்ற மூன்றாம் கட்டம் கட்டாயம் வேண்டும். அதனருகே விழிப்பு நிலையையும் எழுத இடம் விட வேண்டும். நாள்தோறும் ஒரே தாளில் நோயாளியைக் கையொப்பமிடச் சொல்லும் பழக்கத்தையும் மாணவியரிடம் வலியுறுத்துகிறேன். திங்களன்று கோட்டின்மேல் நின்ற கையெழுத்து, புதனன்று கோட்டைவிட்டு இறங்கி எழுத்தெழுத்தாகச் சிதறியிருப்பதைக் கண்டால், வேறு எதையும் பார்க்குமுன் கடைசியாக எப்போது மலம் கழித்தார், காய்ச்சல் உண்டா, மலம் கருத்ததா, புதிதாக என்ன மருந்து தொடங்கப்பட்டது என்று கேட்கத் தோன்றும். மலச்சிக்கல், தொற்று, இரத்தக் கசிவு, நீரிழப்பு, பொட்டாசியக் குறைவு, தூக்க மருந்து ஆகியவைதான் இந்த மயக்கத்தைத் தூண்டும் வழக்கமான காரணங்கள்.

இதையொட்டி வேறொரு சொல்லையும் திருத்த வேண்டும். இந்த மயக்கத்துக்குத் தரும் மலமிளக்கியான லாக்டுலோஸைப் பருகும் நோயாளியின் பதிவில் ‘வயிற்றுப்போக்கு 3 முறை’ என்று எழுதுகிறார்கள். அடுத்து வருபவர் அதைக் கண்டு மருந்தை நிறுத்திவிடுகிறார். நாளுக்கு 2 அல்லது 3 முறை இளகிய மலம் போவதே அந்த மருந்தின் இலக்கு. குடலிலுள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்து அமிலமாக்குவதால், அமோனியா இரத்தத்தில் ஏறாமல் மலத்தோடு வெளியேறுகிறது. நீர்போல ஐந்தாறு முறை போனால்தான் அது வயிற்றுப்போக்கு. அப்போது அளவைக் குறைக்காவிட்டால் நீரிழப்பால் மயக்கம் கூடும். எனவே இலக்குக்குள் இருப்பதை ‘இளமலம்’ என்றும், மீறியதை மட்டும் ‘வயிற்றுப்போக்கு’ என்றும் எழுதலாம் என்பது என் பரிந்துரை.

பட்டியலில் சேர்ப்பதற்கான வரைவு இதோ:

நிலைநழுவல்: நீட்டியோ மடித்தோ அசையாமல் நிறுத்திய உறுப்பு, தசையின் இறுக்கம் கணநேரம் விட்டுப்போவதால், தாளமின்றித் திடீரென விழுந்து உடனே மீளுதல். நடுக்கம் அன்று. கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல் ஆகியவற்றின் கடும் செயலிழப்பிலும் சில மருந்துகளாலும் காணப்படும். பதியும்போது உறுப்பு, பக்கம், விழிப்பு நிலை ஆகிய மூன்றையும் குறிக்க.

‘நோயாளியிடமும் உறவினரிடமும் எப்படிக் கேட்பது’ என்ற பத்தியில், ‘கை விட்டுவிட்டு விழுகிறதா?’ என்ற கேள்வியை அப்படியே வைக்கலாம். ‘கல்லீரல் மூளைநோய்’ என்ற தலைப்புச்சொல்லுக்கு வந்துள்ள மறுப்புகளைப் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஒரு செவிலிய ஆசிரியை