முதல் ஸ்டாண்டர்ட் போட்டி: 62 கார்டு, சைட்போர்டு, 50 நிமிடம்... சில சந்தேகங்கள்

புதுக்கை:
மேஜிக்: தி கேதரிங் கார்டு விளையாட்டு, ஸ்டாண்டர்ட் ஃபார்மட் (சமீபத்திய செட்டுகளை மட்டும் வைத்து, குறைந்தது 60 கார்டு டெக்கோடு ஆடுவது). 16 பேர், 4 ரவுண்டு ஸ்விஸ் (யாரும் வெளியேறாமல், ஒத்த புள்ளிக்காரர்கள் மோதும் முறை), பிறகு முதல் நான்கு பேருக்கு நாக்அவுட். ரெகுலர் லெவல்தான் (விதிகளில் கெடுபிடி குறைந்த நிலை), ஆனாலும் டெக் லிஸ்ட் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். என்னுடையது மிட்ரேஞ்ச் டெக் (வேகமான டெக்குக்கும் தடுத்தாடும் டெக்குக்கும் இடைப்பட்டது). 62 கார்டு, அதில் 24 லேண்ட் (மற்றக் கார்டுகளைப் போடத் தேவையான மானா என்ற சக்தியைத் தருபவை). எந்த இரண்டை எடுப்பதென்று முடிவு செய்ய முடியாததால் 62-இல் நிற்கிறது. சைட்போர்டில் (கேம்களுக்கு நடுவே மாற்றிப் போட வைத்திருக்கும் உதிரி) 15 கார்டு, எல்லாமே ஒவ்வொரு பிரதி.

1) 62 அவ்வளவு பெரிய தப்பா?
2) சைட்போர்டை எப்படித் திட்டமிடுவது?
3) வீட்டில் ஒரு மேட்ச் (மூன்று கேமில் இரண்டு ஜெயிக்க வேண்டும்) ஒன்றரை மணி நேரம்கூட இழுக்கும். இங்கே 50 நிமிடம். மணி அடித்துவிட்டால் என்ன ஆகும்?

கணக்குப்பிள்ளை:
62-ஆல் வரும் நஷ்டம் பலர் மிரட்டுகிற அளவுக்கு இல்லை. நான்கு பிரதி வைத்த கார்டில் ஒன்றாவது முதல் 7 கார்டுக்குள் வர, 60 கார்டு டெக்கில் 39.9% வாய்ப்பு, 62-இல் 38.9%. ஒரே ஒரு சதவீதம். ஆனால் அந்த ஒரு சதவீதத்தைக் கொடுத்து நீங்கள் வாங்குவது எதை? டெக்கிலேயே ஆகச் சுமாரான இரண்டு கார்டை. எடுக்க மனசு வராத இரண்டையும் சைட்போர்டுக்குத் தள்ளுங்கள், எங்கேயும் போய்விடாது.

லேண்டில் மட்டும் கை வைக்காதீர்கள். 60-இல் 24 லேண்ட் இருந்தால் முதல் கையில் 2 முதல் 4 லேண்ட் வர 77.5%. ஒன்றோ பூஜ்யமோ வர 14.3%. ஐந்தும் அதற்கு மேலும் வர 8.3%. இடம் போதவில்லையென்று லேண்டை 20 ஆக்கினால் அந்த 14.3 அப்படியே 24.7 ஆகிவிடும், நாலு கைக்கு ஒரு கை குப்பை. ஒரு மானா, இரண்டு மானா கார்டுகளாலேயே ஆன, வேகமாகத் தாக்கி முடிக்கும் அக்ரோ டெக்குக்கு 20 தாங்கும். மிட்ரேஞ்சுக்குத் தாங்காது.

முல்லிகனுக்கு (சரியில்லாத முதல் கையைத் திருப்பிக் கலைத்துப் புதிதாக எடுப்பதற்கு) தயங்க வேண்டாம். இப்போதுள்ள லண்டன் முறையில் ஒவ்வொரு தடவையும் முழுசாக 7 எடுத்துப் பார்த்துவிட்டு, எத்தனை முல்லிகன் போட்டீர்களோ அத்தனை கார்டை அடியில் வைக்கிறீர்கள். ஏழில் நல்ல ஆறு என்பது சாதாரணக் கை இல்லை. ஒற்றை லேண்ட் கையை நப்பாசையில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் பாருங்கள்: முதலில் ஆடுபவர் தன் முதல் டர்னில் (முறையில்) கார்டு எடுக்க முடியாது. இரண்டாவது டர்னில் இரண்டாவது லேண்ட் வர 53-இல் 23, அதாவது 43%. காசு சுண்டுவதைவிட மோசம்.

லிஸ்ட் எழுதும்போது நான்கு பிரதி வரம்பு மெயின் டெக்கையும் சைட்போர்டையும் சேர்த்துத்தான். மெயினில் 3, சைடில் 2 என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு. பேசிக் (அடிப்படை) லேண்டுக்கு வரம்பில்லை.

எடு_போடு:
ரெண்டாவது கேள்விக்கு வரேன். எதைப் போடலாம்னு யோசிச்சுத்தான் எல்லாரும் சைட்போர்டு கட்டுறாங்க. தலைகீழா யோசிங்க: எதிரே இன்ன டெக் வந்தா என் 60-ல எது செத்த கார்டு? கிரீச்சரே (தாக்கவும் தடுக்கவும் நிக்கிற கார்டு) இல்லாத கன்ட்ரோல் டெக்குக்கு (தடுத்துத் தடுத்தே இழுத்து ஜெயிக்கறது) எதிரா, கிரீச்சரை ஒழிக்கற உங்க ரிமூவல் ஸ்பெல் எல்லாம் சும்மா கையில உக்காந்திருக்கும். அப்படி 6 கார்டு செத்ததுன்னா அந்த டெக்குக்கு உள்ளே போட 6 கார்டு வேணும். 4 மட்டும் செத்ததுன்னா 4 போதும், 9 வெச்சிருந்தா மிச்சம் 5 வீண்.

பதினஞ்சும் ஒத்தைப் பிரதின்னா எதுவும் சமயத்துக்குக் கையில வராது. அக்ரோவுக்கு 4, கன்ட்ரோலுக்கு 4, கிரேவ்யார்டை (ஆடி முடிஞ்ச கார்டு போற குவியல்) நம்பி ஆடற டெக்குக்கு 3, ஆர்டிஃபாக்ட், என்சான்ட்மென்ட்ங்கற வகைக் கார்டுகளை உடைக்க 2, மிச்சம் 2 உங்க மிட்ரேஞ்ச் மாதிரியே வர்ற டெக்குக்கு. இது உத்தேசம்தான். ரெண்டு விதமான எதிர் டெக்குக்கு ஒரே கார்டு உதவும்னா அதுக்கு முதல் மரியாதை.

உள்ளே போடற வெறியில சொந்த டெக்கையே கெடுத்துக்கறதுதான் பெரிய வியாதி. 9, 10 கார்டு மாத்தினீங்கன்னா முதல் கேம்ல ஆடின டெக் அது இல்ல. எதிராளியைத் தடுக்கத்தான் முடியும், ஜெயிக்க முடியாது.

ஒரு சின்ன தாள்ல ஒவ்வொரு டெக்குக்கும் எது வெளியே, எது உள்ளேன்னு எழுதி வெச்சுக்கங்க. முன்கூட்டியே எழுதின குறிப்பை ரெண்டு கேமுக்கு நடுவுல பாக்கலாம், அனுமதி இருக்கு. அடுத்த கேம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தாள் மேசையை விட்டுப் போயிடணும். இன்னொண்ணு: முதலில் ஆடும்போது ஒரு திட்டம், இரண்டாவது ஆடும்போது ஒரு திட்டம் இருக்கலாம். தோத்தவர்தான் அடுத்த கேம்ல யார் முதல்னு முடிவு பண்ணுவார்.

கலைக்கறதுக்கு முன்னாடி ஏழு குவியலாப் போட்டு எண்ணிடுங்க, ஒவ்வொரு தடவையும். அது நல்லாக் கலைச்ச மாதிரியும் ஆச்சு, 60 இருக்கான்னு பார்த்த மாதிரியும் ஆச்சு.

ஐந்தாவது_டர்ன்:
கடைசிப் பத்தியை மட்டும் திருத்துகிறேன். குவியல் போடுவது எண்ணுவதற்குத்தான், அது கலைப்பதாகாது. எந்தக் கார்டு எந்தக் குவியலுக்குப் போகிறதென்று ஒழுங்கு அப்படியே இருக்கிறதே! விதிப்படி ஒரு கேமின் தொடக்கத்தில் ஒரு முறை மட்டும் அப்படி எண்ணலாம். அதன்பின் ரிஃபிள் (இரு பாதியை விரலால் உதிர்த்துக் கோப்பது) அல்லது மேஷ் (இரு பாதியை ஒன்றுக்குள் ஒன்று தள்ளுவது) முறையில் ஏழு தடவையாவது கலைத்து, எதிராளியிடம் நீட்டுங்கள். அவர் நீட்டும் டெக்கை நீங்களும் கலைக்கலாம். சங்கடப்பட ஒன்றுமில்லை.

இனி நேரம். மணி அடித்ததும் நடந்துகொண்டிருக்கும் டர்ன் முடியும். அதன்பின் மொத்தம் ஐந்து டர்ன். ஆளுக்கு ஐந்து இல்லை. முதல் கூடுதல் டர்ன் எதிராளியுடையது என்றால் 1, 3, 5 அவருக்கு. 2, 4 உங்களுக்கு. அதற்குள் முடியாத கேம் டிரா. நீங்கள் 1–0 முன்னிலையில் இருந்து இரண்டாவது கேம் முடியாமல் போனால் மேட்ச் உங்களுடையது. 1–1 ஆகி மூன்றாவது முடியவில்லையென்றால் மேட்ச் டிரா. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1.

50 நிமிடத்தில் முழுசாக 50 கிடைக்காது. இரண்டு தடவை சைட்போர்டு மாற்றிக் கலைக்கத் தலா 3 நிமிடம் என்றாலே 44 தான் மிச்சம். ஒரு கேமுக்கு 15 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சப்படுத்தும் இடங்கள்: எதிராளியின் டர்னிலேயே உங்கள் அடுத்த டர்னை யோசித்துவிடுவது, டெக்கில் தேடும் கார்டைப் போடும் முன்பே எதைத் தேடப்போகிறோம் என்று தீர்மானித்துவிடுவது, முதல் கேமில் வழியே இல்லையென்று தெரிந்ததும் விட்டுக்கொடுப்பது. 25-வது நிமிடத்தில் தோற்ற கேமை 35-வது நிமிடம் வரை இழுத்தால் மீதி இரண்டு கேமுக்கு 15 நிமிடம்தான் இருக்கும்.

எதிராளி மெதுவாக ஆடினால் 20-வது நிமிடத்திலேயே ஜட்ஜைக் கூப்பிட்டு ஆட்டத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். 48-வது நிமிடத்தில் புகார் சொல்லிப் பயனில்லை. ஜட்ஜ் தீர்ப்புச் சொல்ல ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் கூடுதல் நேரம் தருவார். தராவிட்டால் கேளுங்கள். முன்னிலையில் இருக்கும்போது வேண்டுமென்றே நேரம் கடத்துவது ஏமாற்று. தகுதிநீக்கம் வரை போகும்.

இன்னும் அதிகம் நடக்கும் தவறு: முந்தைய ரவுண்டில் உள்ளே போட்ட சைட்போர்டு கார்டை வெளியே எடுக்காமல் அடுத்த ரவுண்டின் முதல் கேமுக்கு வருவது. ஒவ்வொரு மேட்ச்சின் முதல் கேமும் லிஸ்ட்டில் எழுதிய டெக்கோடுதான். ரெகுலரில் ஜட்ஜ் சரிசெய்யச் சொல்வதோடு முடிந்துவிடும். கெடுபிடி அதிகமான காம்பெட்டிட்டிவ் நிலையில் அந்தக் கேமே போகலாம். மேட்ச் முடிந்ததும், எழுந்திருக்கும் முன் டெக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து 15-ஐ எண்ணிவிடுங்கள்.

கார்டு ஒன்று கூடுதலாக எடுத்துவிட்டால் நீங்களாகவே திருப்பி வைக்காதீர்கள். அப்படியே நிறுத்திவிட்டுக் கையைத் தூக்குங்கள். லைஃபை (மீதமுள்ள உயிர்ப் புள்ளியை) தாளில் எழுதுங்கள், டைஸில் வேண்டாம். மேசை இடிபட்டால் டைஸ் புரளும். "எனக்கு 9, உனக்கு 7" என்ற வழக்கில் 20, 17, 13, 9 என்று வரிசையாக எழுதிய தாள்தான் பேசும்.

புதுக்கை:
நன்றி. இரண்டு கார்டை எடுத்தாகிவிட்டது. இன்னும் இரண்டு: ஸ்லீவ் (கார்டு உறை) பழையது, நான்கைந்து மட்டும் கிழிந்திருக்கிறது. அவற்றை மட்டும் மாற்றினால் போதுமா? கடைசி ரவுண்டில் பேசி டிரா செய்துகொள்வது சரியா?

எடு_போடு:
நாலு மட்டும் புதுசாப் போட்டா அந்த நாலும் முதுகுப்பக்கத்துல பளிச்சுனு தெரியும். அது மார்க்டு கார்டு. அந்த நாலும் ஒரே கார்டோட பிரதியா இருந்துட்டா விளக்கம் சொல்லவே முடியாது. 75-க்கும் (60 + 15) ஒரே பாக்கெட்டிலிருந்து புதுசாப் போடுங்க, 66×91 மில்லிமீட்டர் அளவு. 100 கொண்ட பாக்கெட் வாங்கினா கிழிஞ்சா மாத்த மிச்சம் இருக்கும். இரண்டு பக்கமும் அச்சுள்ள கார்டு இருந்தா முதுகு ஒளி புகாததா இருக்கணும். வளைஞ்ச ஃபாயிலும் (மினுங்கற பதிப்புக் கார்டு) தொல்லைதான். கட் பண்றப்ப அந்த இடத்துலயே டெக் பிரியும். சாதாப் பிரதி இருந்தா அதையே போடுங்க.

கணக்குப்பிள்ளை:
பேசி டிரா செய்துகொள்ள அனுமதி உண்டு. உங்களுக்கு அது லாபமா என்பது வேறு கணக்கு. 16 பேர், யாரும் டிரா செய்யவில்லை என்று வையுங்கள். மூன்று ரவுண்டு முடிவில் 9 புள்ளியில் 2 பேர், 6 புள்ளியில் 6 பேர். 9-இல் இருக்கும் இருவரும் டிரா செய்தால் 10, 10. கீழே இருப்பவர்கள் ஜெயித்தாலும் 9தான், ஆக இருவரும் உள்ளே. ஆடினால் தோற்றவர் 9-இல் நின்று, மேலே வரும் மூன்று 9-காரர்களோடு டைபிரேக்கரில் (புள்ளி சமமானால் இடத்தைத் தீர்மானிக்கும் கணக்கில்) மாட்டிக்கொள்வார். மூன்று இடத்துக்கு நாலு பேர்.

அதே யோசனை 6 புள்ளியில் இருப்பவருக்கு விஷம். டிரா செய்தால் 7. மற்ற இரண்டு மேசையில் ஜெயித்தவர்கள் 9. ஆக 10, 10, 9, 9, நீங்கள் வெளியே. 6-இல் இருந்தால் ஆடியே ஆக வேண்டும், ஜெயித்தாலும் உறுதியில்லை.

டைபிரேக்கரில் முதலில் பார்ப்பது உங்கள் எதிராளிகளின் மேட்ச் வெற்றிச் சதவீதத்தின் சராசரி. 33%-க்குக் கீழ் போனவரையும் 33 என்றே கொள்வார்கள். அதனால் முதல் ரவுண்டில் தோற்றவரைவிடக் கடைசியில் தோற்றவருக்குப் பெரும்பாலும் டைபிரேக்கர் நன்றாக இருக்கும். முதலிலேயே தோற்றவர் அதன்பின் சுமாரான ஸ்கோர்காரர்களோடு ஆடியிருப்பார்.

ஐந்தாவது_டர்ன்:
ஒரு எச்சரிக்கை. "டிரா செய்யலாமா?" என்று கேட்கலாம். "விட்டுக்கொடு, பரிசில் பாதி தருகிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் லஞ்சம். "டைஸ் உருட்டி முடிவு செய்வோம்" என்றாலும் அதே கதி. விளையாட்டாகச் சொன்னேன் என்பது எடுபடாது, ரெகுலரிலும் தகுதிநீக்கம் வரை போகலாம். எதிராளி அப்படிக் கேட்டால் பதில் சொல்லாமல் ஜட்ஜைக் கூப்பிடுங்கள். பரிசு பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால் முதலில் ஜட்ஜிடம் தனியாகக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.