டார்க் பேட்டர்னுக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தேவி, அல்சூர்:

குழுமத்தாருக்கு வணக்கம். பெங்களூரில் உள்ள நுகர்வோர் சங்கம் ஒன்றுக்காக 16 பக்கக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக்நகர்ப் பகுதிகளில் தமிழில் மட்டுமே சரளமாக வாசிக்கிறவர்களுக்கானது. வெள்ளி மாலை அச்சுக்குப் போக வேண்டும். உள்ளே பெரும்பாலும் முடிந்துவிட்டது. அட்டைச் சொல்தான் நிற்கிறது: டார்க் பேட்டர்ன், அதாவது செயலிகளும் இணையதளங்களும் நம்மைத் தவறாக வழிநடத்தும்படி திரையை அமைக்கும் விதம்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதைத் தடுக்க 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதில் 13 வகைகள் உள்ளன. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, "இன்னும் 2 நிமிடம்தான்" என்று பொய்க் கடிகாரம் ஓட்டுவது, சந்தாவில் சேர ஒரு தட்டும் விலகப் பல திரைகளும் வைப்பது, இப்படி. "இருண்ட வடிவங்கள்" என்று எழுதிப் பார்த்தேன். வெளிச்சம் போதாத படத்தைச் சொல்வது போல இருக்கிறது.

எனக்கு வேண்டிய சொல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்கிறவர் வாயில் தட்டாமல் வர வேண்டும். 13 வகைகளும் அதன்கீழ் அடங்க வேண்டும். ஏமாந்தவரைக் குறை சொல்லும் தொனி அதில் இருக்கவே கூடாது.

முருகேசன், ஸ்ரீராம்புரம்:

தேவிம்மா, சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 'கூடா ஒழுக்கம்' அதிகாரத்தின் முதல் குறள் "வஞ்ச மனத்தான் படிற்றொழுக்கம்" என்றுதான் தொடங்குகிறது. படிறு என்றால் வஞ்சனை. படிற்றொழுக்கம் என்பது ஒருமுறை சொன்ன பொய் அன்று, நடைமுறையாகவே ஆகிவிட்ட வஞ்சனை. பேட்டர்ன் என்பதும் திரும்பத் திரும்ப வரும் அமைப்புதானே? ஒழுக்கம் மனிதருக்கு உரியது என்பதால் 'படிற்றுரு' எனக் கொள்ளலாம். படிறு உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். கயிறு கயிற்றுக் கட்டில் ஆவது போல றகரம் இரட்டிக்கிறது. புணர்ச்சியில் குறை இல்லை.

அதே அதிகாரத்தில் 274ஆம் குறளையும் பாருங்கள். தவக்கோலத்தில் மறைந்து தீயது செய்பவனை, புதருக்குப் பின் மறைந்து பறவையைச் சிமிழ்க்கும் வேடனுக்கு ஒப்பிடுகிறார். சிமிழ்த்தல் என்றால் வலையில் பிணித்தல். குங்குமச் சிமிழும் இதே வேர் என்பது என் துணிபு, உள்ளே அடக்கி மூடுவதால். ஆகவே 'சிமிழ்ப்புரு' என்றாலும் எனக்கு உவப்பே.

கார்த்தி, எச்.எஸ்.ஆர். லேஅவுட்:

ஐயா, குறள் அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் 'படிற்றுரு' என்று போனில் சொன்னால் எதிரில் இருப்பவர் "என்ன உரு?" என்று கேட்பார்.

முதலில் 'டார்க்' என்பதை மொழிபெயர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. 2010-ல் இந்தப் பெயரை வைத்தவர் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டன் வடிவமைப்பாளர். பிறகு அவரே 'டிசெப்டிவ் பேட்டர்ன்' என்ற பெயருக்கு மாறிவிட்டார். கருமையைத் தீமைக்கு அடையாளமாக வைக்கும் வழக்கத்தைத் தமிழில் நாம் புதிதாக ஒருமுறை வேரூன்றச் செய்ய வேண்டியதில்லை.

இன்னொன்று, 'வஞ்ச மனத்தான்' யார்? செயலிக் கம்பெனிகளில் இது நடக்கும் விதம் வேறு. பயனர்களில் ஒரு பகுதிக்கு 'வேண்டாம்' பட்டனைப் பளிச்சென்று காட்டுவார்கள், இன்னொரு பகுதிக்கு வெளிர் சாம்பலில் காட்டுவார்கள். இரண்டாவது திரையில் விற்பனை கூடினால் அதுவே எல்லோருக்கும் போகும். அந்தக் கணக்கில் வாங்கியது ஏறுகிறது, மறுநாள் வருந்தியது ஏறுவதில்லை. யாரும் கூடிச் சதி செய்ய வேண்டியதில்லை. எதை அளக்கிறார்களோ அது இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

கண்டுபிடிக்கவும் அளவுகள் உண்டு. இணைய அணுகல் நெறிகளின்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 நிறவேறுபாடு வேண்டும். ஆண்ட்ராய்டு வழிகாட்டுதலில் விரல் தொடும் பரப்பு நீளம் அகலம் இரண்டிலும் குறைந்தது 48 அலகு (dp என்ற திரை அளவு). 'வாங்கு' பட்டன் இரண்டையும் தாண்டி நின்று, 'வேண்டாம்' மட்டும் இரண்டிலும் தோற்றால் அது தற்செயல் இல்லை. கையேட்டில் இதைக் கட்டாயம் போடுங்கள் தேவி. திரையைப் படம் பிடித்து வைத்தால் யார் வேண்டுமானாலும் அளந்துவிடலாம்.

ஜெயந்தி, சிவாஜிநகர்:

கார்த்தி தம்பி சொல்லும் விளக்கம் சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவு ஆபத்து. "யாரும் திட்டமிடவில்லை, எண்கள் செய்தன" என்பதுதான் நிறுவனங்கள் சொல்ல விரும்பும் பதில். நெறிமுறையின் வரையறை, பயனரைத் தவறாக வழிநடத்தவோ ஏமாற்றவோ 'வடிவமைக்கப்பட்ட' நடைமுறை என்று சொல்கிறது. எந்தத் திரையை எல்லோருக்கும் அனுப்புவது என்று முடிவெடுத்தது ஒரு மனிதர். ஆகவே 'வடிவமைப்பு' என்ற சொல் பெயரில் இருந்தே ஆக வேண்டும். பொறுப்பு எங்கே இருக்கிறது என்பதை அதுதான் காட்டுகிறது.

'மோசடி' என்று யாராவது சொல்வதற்கு முன் ஒரு எச்சரிக்கை. மோசடி குற்றவியல் சொல். பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவு. இந்த நெறிமுறையோ 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. இங்கே பேச்சு தவறான விளம்பரம், முறையற்ற வணிக நடைமுறை பற்றியது. கையேட்டில் மோசடி என்று போட்டால் மக்கள் காவல் நிலையத்துக்குப் போவார்கள், அங்கிருந்து திருப்பி அனுப்பப்படுவார்கள்.

அன்வர், ஃபிரேசர் டவுன்:

ஜெயந்தி மேடம் சொல்வது புரிகிறது. ஆனால் பெங்களூரில் "மோசம் போயிட்டேன்" என்றால் தமிழருக்கும் புரியும், கன்னடக்காரருக்கும் புரியும். மோசடி வேண்டாம் என்றால் 'மோச வலை' என்றாவது பார்க்கலாம். மூத்தவர்களுக்கு போன் கற்றுத் தரும் வகுப்பில் நான்கு அசைக்கு மேல் போனால் சொல் நிற்பதில்லை.

பேட்டர்னுக்கு 'வடிவம்' என்றே எல்லோரும் போகிறோம். இலங்கைப் பாடநூல்களில் எண் பேட்டர்ன்களை 'எண் கோலங்கள்' என்பார்கள். நம் பக்கத்துப் புத்தகங்களில் 'அமைப்புகள்'. கோலத்துக்கு வேடம் என்ற பொருளும் இருக்கிறது, முருகேசன் ஐயாவே 'தவக்கோலம்' என்று எழுதியிருக்கிறார். திரும்ப வரும் அமைப்பும் பொய்வேடமும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. 'ஏய்ப்புக்கோலம்' எப்படி?

முருகேசன்:

அன்வர் தம்பி, கோலம் பொன்னான சொல். ஏய்ப்பு அதைவிட ஆழம். தொல்காப்பிய உவமவியலில் உவம உருபுகளை அடுக்கும் நூற்பா "அவைதாம், அன்ன ஏய்ப்ப உறழ ஒப்ப" என்று தொடங்குகிறது. ஏய்ப்ப என்றால் போல. ஒன்றைப் போல இன்னொன்று தோன்றுவது ஏய்தல். தோன்றச் செய்து மயக்குவது ஏய்த்தல். செய்தியைப் போலத் தோன்றும் விளம்பரம் நெறிமுறையில் ஒரு வகை அல்லவா? உவமையே வஞ்சனையாகும் இடம் அது. படிற்றை விட்டுக்கொடுத்து 'ஏய்ப்புக்கோலம்' என்பதை வழிமொழிகிறேன்.

ஜெயந்தி:

ஐயா, ஒப்புமைப் பொருள் தரும் 'ஏய்' என்பதும் ஏமாற்றும் 'ஏய்' என்பதும் ஒரே வேர்தானா? சொல் ஒன்றாக ஒலிப்பது மட்டும் போதாதே. வரி ஏய்ப்பு என்று நாளிதழ்கள் எழுதி எழுதி, ஏய்ப்பு என்றாலே அரசுக்குக் கட்டாமல் தப்புவது என்று ஆகிவிட்டது. 'ஏய்ப்புக்கோலம்' என்று அட்டையில் பார்க்கிறவர் வருமான வரிக் கையேடு என்று நினைக்க இடமிருக்கிறது.

கார்த்தி:

சந்தா வகைக்கு மட்டும் ஒரு யோசனை: 'சக்கர வியூகம்'. உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. அபிமன்யு கதை தெரியாத தமிழர் கிடையாது.

அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023-ல் அமேசான் மீது போட்ட பிரைம் சந்தா வழக்கில் இதற்கு இணையாக ஒன்று உண்டு. விலகும் வழி 4 பக்கம், 6 தட்டு, 15 தெரிவு என்று மனுவில் எண்ணிக் காட்டினார்கள். அந்த வழிக்கு நிறுவனத்துக்குள் 'இலியட்' என்று பெயர். நீண்ட போரைப் பாடும் கிரேக்கக் காவியம். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. 100 கோடி அபராதம், 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர. அவர்கள் காவியப் பெயர் வைத்தால் நாமும் வைக்கலாம்.

அன்வர்:

தேர்தல் வியூகம், கிரிக்கெட் வியூகம் என்று நாளும் கேட்கிறோம். வியூகம் இன்றைக்குச் சாமர்த்தியத்தின் பெயர். கம்பெனியைப் பாராட்டுவது போல ஆகிவிடும்.

முருகேசன்:

'சந்தா'வும் தமிழன்று. வடக்கிலிருந்து வந்த சொல். 'சந்தாப் பொறி' என்று எழுதப் போகிறீர்கள் என்றால், பொறிக்கும் நான்கு பொருள் உண்டு: இயந்திரம், தீப்பொறி, ஐம்பொறி, எலிப்பொறி. 'தொடர்கட்டணக் கண்ணி' என்பது துல்லியம். கண்ணி என்றால் பறவைக்கு வைக்கும் சுருக்கு மட்டுமே.

தேவி:

கண்ணிக்குப் பூமாலை, இரண்டடிப் பாட்டு, சங்கிலிக் கண்ணி எல்லாம் உண்டே ஐயா.

சொற்கள் அப்புறம் இருக்கட்டும், கையேட்டின் சந்தாப் பகுதியில் மக்கள் செய்ய வேண்டியதை இப்படி எழுதியிருக்கிறேன், சரி பாருங்கள். செயலியை அழித்தால் சந்தா நிற்காது. யுபிஐ வழியாகப் போகிறது என்றால், பணம் கட்டும் செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்தக் கட்டளையை ரத்து செய்ய வேண்டும். 'தற்காலிக நிறுத்தம்' வேறு, 'ரத்து' வேறு. முன்னதில் பிறகு மறுபடி பிடிப்பார்கள். தொடர் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பொதுவாக ₹15,000 வரை ஒவ்வொரு முறையும் கடவுஎண் கேட்காமலே பணம் போகும், ஆகவே அந்த அறிவிப்புதான் ஒரே எச்சரிக்கை மணி. புகாருக்கு எடுக்க வேண்டிய ஸ்கிரீன்ஷாட்கள்: முதலில் காட்டிய விலை, கடைசித் திரை விலை, விலகும் வழியின் ஒவ்வொரு திரை, தேதி நேரம் தெரியும்படி.

வகைப் பெயர்களில் போலி அவசரம், கூடைத் திணிப்பு, மாறுவேட விளம்பரம், நச்சரிப்பு, கட்டாயச் செயல் ஐந்துக்கும் யாரும் மறுப்புச் சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன். தகராறு இரண்டில். ஒன்று டிரிப் பிரைசிங். 'சொட்டு விலை' என்று வைத்தேன்.

ஜெயந்தி:

சொட்டு விலை என்றால் கொஞ்ச விலை, மலிவு என்று கேட்கிறது. நேர் எதிர்ப் பொருள். முதல் திரையில் ஒரு விலை காட்டி, கடைசித் திரையில் கையாளுகைக் கட்டணம், தளக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக ஏற்றுவது அது. 'ஏறுவிலை' என்றால் விலைவாசி. 'ஒளிவிலை' அல்லது 'மறைவிலை' என்று வையுங்கள். கூடைத் திணிப்பிலும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: முன்பே தெரிவித்த டெலிவரிக் கட்டணம், அரசு வரி இவை திணிப்பாகா. இதைச் சொல்லாவிட்டால் 1915-க்கு வீண் புகார்கள் போகும்.

கார்த்தி:

மறைவிலை நன்று. இரண்டாவது கன்ஃபர்ம் ஷேமிங்தானே? விமான டிக்கெட்டில் காப்பீடு வேண்டாம் என்றால் "நான் பாதுகாப்பில்லாமல் இருப்பேன்" என்ற பட்டனை அழுத்த வைப்பது. நெறிமுறை தரும் எடுத்துக்காட்டே அதுதான். 'குத்திக்காட்டல்'.

முருகேசன்:

குத்திக்காட்டல் என்பது செய்த பிழையைச் சுட்டுவது. இங்கே வாங்காதவன் பிழை ஏதும் செய்யவில்லை. 'நாணூட்டல்' என்க.

அன்வர்:

'கூச வைத்தல்'. வீட்டில் பேசுகிற சொல். ஐயா மன்னிக்கணும், நாணூட்டல் என்றால் என் வகுப்பில் விளக்கம் சொல்லவே பத்து நிமிடம் போகும்.

தேவி:

வியாழன் இரவு. வந்த கருத்துகளை எண்ணினால் தலைச்சொல்லுக்கு 'ஏமாற்று வடிவமைப்பு' முன்னால் நிற்கிறது. ஜெயந்தி மேடம் கேட்ட வடிவமைப்பு இருக்கிறது, போனில் சொல்ல வருகிறது, ஏமாந்தவர் மேல் பழி இல்லை. பேட்டர்னில் உள்ள 'மீண்டும் மீண்டும்' என்ற பொருள் போய்விட்டது என்பது உண்மை. முதல் பக்கத்தில் "பல செயலிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்யும்" என்று ஒரு வரி எழுதி ஈடுகட்டுகிறேன். கீழே சிறிய எழுத்தில் 'டார்க் பேட்டர்ன்' என்று தமிழ் எழுத்திலேயே போடுகிறேன், செய்தியில் கேட்பவர்கள் இணைத்துப் பார்க்க. மறைவிலை, கூச வைத்தல், சந்தாப் பொறி மூன்றும் நிற்கின்றன.

முருகேசன்:

அம்மா, அச்சுக்குத் தடை சொல்ல மாட்டேன். என் மறுப்பு மட்டும் பதிவாகட்டும். ஏமாற்று, வடிவமைப்பு என்று இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது விளக்கமே ஒழியக் கலைச்சொல் ஆகாது. 'ஏமாற்று வடிவமைப்பாளர்', 'ஏமாற்று வடிவமைப்புச் சோதனை', 'ஏமாற்று வடிவமைப்பற்ற' என்று அடுத்தடுத்துக் கிளைக்கும்போது நீளம் தாங்காது. ஆணையம் 2025 ஜூனில் மின்வணிகத் தளங்கள் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தியது. அந்தத் தணிக்கைக்குத் தமிழில் பெயர் வைக்கப் பாருங்கள். 'ஏய்ப்புக்கோலத் தணிக்கை' என்றால் ஒரு மூச்சில் வருகிறது.

ஜெயந்தி:

அது வரித் தணிக்கை என்றுதான் காதில் விழும் ஐயா.

கார்த்தி:

தேவி, அச்சுக்கு முன் ஒரு விஷயம். 'இடைமுகத் தலையீடு' என்று ஒரு வகை, அதாவது திரையில் சிலவற்றைத் தூக்கிக்காட்டி வேறு சிலவற்றை மறைப்பது, அப்படியே நிற்கிறது, யாரும் தொடவில்லை. சாம்பல் பட்டன் அதன்கீழ்தான் வருகிறது. இடைமுகம் என்ற சொல் உங்கள் வாசகர்களுக்குத் தெரியுமா? 'பட்டன் மறைப்பு' என்று வைத்தால் பாதி வகையைத்தான் தொடும், ஆனால் அந்தப் பாதிதான் நாள்தோறும் நடப்பது.